தீர்மானமும் கிருபையும்: கிறிஸ்தவப் பதின்பருவத்தினரின் இலக்குகள்

விசுவாசத்தை ஒட்டித் தனக்கென இலக்கு வகுத்துக்கொள்ளும் வழக்கம் கிறிஸ்தவ வாழ்வில் பெரும்பாலும் பதின்பருவத்தில்தான் தொடங்குகிறது. அதற்கான வேளைகளைத் திருச்சபையே ஏற்படுத்தித் தருகிறது. தென்னிந்தியத் திருச்சபையில் திடப்படுத்தல், கத்தோலிக்கரிடையே உறுதிப்பூசுதல், டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை, கோடை விடுமுறை வாலிபர் முகாமின் கடைசி இரவு ஆகியவற்றில் ஏதோ ஒன்றில் ஒரு பையனோ பெண்ணோ நோட்டை எடுத்து எழுத உட்காருவதுண்டு. வேதாகமத்தை ஓர் ஆண்டில் முழுமையாக வாசிப்பது, காலையில் போனைத் தொடுமுன் ஜெபிப்பது, பொய் சொல்லாதிருப்பது, தங்கையிடம் எரிந்து விழாதிருப்பது, பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்குவது என்று பட்டியல் நீளும்.

இந்தப் பட்டியலின் அடியில் ஓர் இறையியல் சிக்கல் கிடக்கிறது. மனிதன் தன் முயற்சியால் கடவுளுக்கு ஏற்றவன் ஆவதில்லை, கிருபையால் மட்டுமே ஆகிறான் என்பது கிறிஸ்தவப் போதனையின் மையம். அப்படியானால் முயற்சியை வரிசை எண் போட்டு எழுதுவதற்கு அங்கே என்ன இடம்? திருச்சபை வரலாற்றில் இந்தக் கேள்வி கூர்மையாக எழுந்த தருணங்கள் சிலவற்றில் நடுவே நின்றவர்கள் பதின்வயதினரே.

வேதாகமத்தில் இளையோரின் தீர்மானத்துக்குச் சொல்லப்படும் முதல் எடுத்துக்காட்டு தானியேல். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட வாலிபர்களுள் அவரும் ஒருவர். கல்தேயரின் மொழியையும் இலக்கியத்தையும் மூன்று ஆண்டுகள் கற்க வேண்டும், பெயரும் மாற்றப்பட்டது. படிப்பையும் புதிய பெயரையும் தானியேல் மறுத்ததாகப் பதிவில்லை. ராஜ போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்திக்கொள்வதில்லை என்ற ஓர் இடத்தில் மட்டும் கோடு கிழித்தார். பிரசங்கங்களில் இந்தத் துணிச்சல்தான் பேசப்படுகிறது. ஆனால் அந்த அதிகாரம் அவருடைய பக்குவத்துக்கும் அதே அளவு இடம் தருகிறது. அவர் முதலில் அனுமதி கேட்கிறார். பொறுப்பிலிருந்த அதிகாரி தன் தலை போய்விடும் என்று அஞ்சியதும் வாதாடாமல் விசாரிப்புக்காரனிடம் போகிறார். பத்து நாள் மரக்கறியும் தண்ணீரும் கொடுத்துப் பார்க்கும்படியும், பிறகு முகத்தைப் பார்த்து முடிவு செய்யும்படியும் கேட்கிறார். ஒரே விஷயம், குறுகிய காலம், பிறர் சோதித்துப் பார்க்கக்கூடிய விளைவு என்று அந்தத் தீர்மானம் அளவோடு நிற்கிறது.

இதற்கு நேர் எதிரே நிற்பவன் யெப்தா. போரில் வென்றால் வீட்டு வாசலிலிருந்து தன்னை எதிர்கொண்டு வருவதைப் பலியிடுவதாக அவன் பொருத்தனை செய்தான். வந்தவள் அவனுடைய ஒரே மகள். நேர்ந்துவிட்டு நிறைவேற்றாமல் போவதைவிட நேராதிருப்பதே மேல் என்று பிரசங்கி நூல் எச்சரிக்கிறது. நாளைக்கு இன்னது செய்வோம் என்று அடித்துப் பேசுவோரை யாக்கோபின் நிருபம் கண்டிக்கிறது. கடவுள் சித்தமானால் என்ற நிபந்தனை எல்லாத் திட்டத்துக்கும் முன்னால் நிற்க வேண்டும் என்பது அதன் போதனை.

கிருபையா முயற்சியா என்ற வழக்கின் முக்கிய ஆவணங்களுள் ஒன்று ஒரு சிறுமிக்கு எழுதப்பட்ட கடிதம். தெமெத்ரியாஸ் உரோமையின் பெருஞ்செல்வக் குடும்பங்களுள் ஒன்றில் பிறந்தவள். கி.பி. 410இல் உரோமை சூறையாடப்பட்டபோது அவளுடைய குடும்பம் வட ஆப்பிரிக்காவில் தஞ்சம் புகுந்தது. திருமண ஏற்பாடு நடந்துகொண்டிருக்கையில், ஏறத்தாழ 413இல், சுமார் 14 வயதில் கன்னிமை வாழ்வுக்குத் தன்னை ஒப்புக்கொடுக்க அவள் தீர்மானித்தாள். தாய் யூலியானா மகளுக்கு அறிவுரை கேட்டுப் பெரியவர்களுக்குக் கடிதம் அனுப்பினாள். மறைநூல் அறிஞர் ஜெரோமின் பதில் நடைமுறை சார்ந்தது: மறைநூல் வாசிப்பு, ஜெபத்துக்கு நேரம், கம்பளி நூற்பு, உடலைக் கெடுக்காத அளவில் நோன்பு. துறவு வாழ்வைப் போதித்த பெலாஜியுஸ் நீண்டதொரு கடிதம் எழுதினார். ஒருவர் முதலில் தன் ஆற்றலை உணர வேண்டும், இயற்கையிலேயே நன்மை செய்யும் வல்லமை மனிதருக்கு உண்டு, செய்ய முடியாததைக் கடவுள் கட்டளையிடுவதில்லை என்பது அதன் சாரம்.

இன்றைய தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவர் மேடையில் சொன்னால் கைதட்டல் வாங்கும் கருத்துகள் இவை. ஆனால் ஆயர் அகஸ்டினும் அவருடைய நண்பர் அலிப்பியுஸும் யூலியானாவுக்குக் கடிதம் எழுதி, பெலாஜியுஸின் கடிதத்தைக் குறித்து எச்சரித்தார்கள். அறத்தின் செல்வம் தெமெத்ரியாஸிடமிருந்தே அவளுக்கு வருகிறது என்று சொல்லப்பட்டதை அவர்களால் ஏற்க முடியவில்லை. அதுவும் பெற்றுக்கொண்ட கொடையே என்றார்கள். 418இல் கார்த்தேஜ் சங்கம் பெலாஜியக் கொள்கையைக் கண்டித்தது. இவ்வளவு வாதத்துக்கு நடுவிலும் அவளுடைய தீர்மானம் தவறு என்று அகஸ்டின் சொல்லவில்லை. அதன் பெருமை யாரைச் சேரும் என்பதுதான் வழக்கு. தெமெத்ரியாஸ் தன் தீர்மானத்தில் நிலைத்து, பிற்காலத்தில் உரோமையின் லத்தீன் சாலையில் புனித ஸ்தேவான் ஆலயம் எழக் காரணமானாள்.

சீர்திருத்தத் திருச்சபை மரபில் இதே இழுபறி ஒரு தனிமனிதருக்குள்ளேயே நடந்ததை ஜோனத்தன் எட்வர்ட்ஸிடம் பார்க்கலாம். 1703இல் கனெக்டிகட்டில் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். 13 வயது நிரம்புவதற்குள் கல்லூரியில் சேர்ந்தவர். 1722 ஆகஸ்டிலிருந்து அடுத்த ஆண்டு ஏப்ரல் வரை நியூயார்க்கில் சிறிய பிரெஸ்பிட்டீரியன் சபை ஒன்றில் ஊழியம் செய்தார். 18, 19 வயதில் எழுதத் தொடங்கிய தீர்மானங்கள் 1723 ஆகஸ்டில் எழுபதாக நின்றன. நேரத்தை வீணாக்காதிருத்தல், உணவில் அளவு, யாரையும் பழித்துப் பேசாதிருத்தல், இரவில் படுக்குமுன் தன்னைச் சோதித்தல் என்று அன்றாடத்தின் ஒவ்வொரு மூலைக்கும் ஒன்று உண்டு. கடவுளின் உதவியின்றித் தன்னால் எதுவும் ஆகாது என்ற வேண்டுதல் எல்லாவற்றுக்கும் முகப்பில் நிற்கிறது. பட்டியலை வாரம் ஒருமுறை வாசிக்க வேண்டும் என்ற குறிப்பும் உண்டு.

தீர்மானங்களை மட்டும் படிப்பவருக்கு எட்வர்ட்ஸ் இரும்பால் ஆனவராகத் தோன்றுவார். 1722 டிசம்பரில் தொடங்கிய நாட்குறிப்பைச் சேர்த்துப் படித்தால்தான் ஆள் தெரிகிறார். மனம் மந்தமாக இருக்கிறது, ஜெபத்தில் உயிரில்லை, நேற்று எழுதியதை இன்று மீறியாயிற்று என்ற பதிவுகள் அதில் திரும்பத் திரும்ப வருகின்றன. 1723 ஜனவரி 2ஆம் தேதியே, எத்தனை தீர்மானம் எடுத்தாலும் எத்தனை உபாயம் செய்தாலும் ஆவியானவர் அசைக்காவிட்டால் எல்லாம் வீண் என்று எழுதிவிட்டார். ஆனாலும் தீர்மானங்களை நிறுத்தவில்லை. சுமார் 1740இல் தன் ஆன்மிக வரலாற்றை எழுதியபோது, அந்த இளமைக்காலத்தில் தன் சொந்த பலத்தை அதிகமாக நம்பியதையும், அது பிறகு தனக்குப் பெரும் கேடாக முடிந்ததையும் ஒப்புக்கொண்டார். முகப்பில் கிருபையை வேண்டிவிட்டு உள்ளே சுயபலத்தை நம்புவது சாத்தியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது அரிது. இளையோருக்கான கூட்டங்களில் எழுபது தீர்மானங்களைப் பிரதி எடுத்துக் கொடுப்பவர்கள் இந்த ஒப்புதலையும் சேர்த்துக் கொடுத்தால் நல்லது.

கத்தோலிக்க மரபின் எடுத்துக்காட்டு இத்தாலியின் தொமினிக் சாவியோ. கொல்லர் ஒருவரின் மகன், 1842இல் பிறந்தவர். புதுநன்மைக்கு அங்கு 12 வயதுவரை காத்திருக்க வைப்பது வழக்கமாயிருந்த காலத்தில், 1849 உயிர்ப்புப் பெருவிழாவன்று ஏழு வயதிலேயே அதைப் பெற்றார். அன்று எழுதிய தீர்மானங்கள் நான்கு மட்டுமே: அடிக்கடி பாவசங்கீர்த்தனம் செய்வது, திருநாள்களை அனுசரிப்பது, இயேசுவையும் மரியாவையும் நண்பர்களாகக் கொள்வது, பாவத்தைவிடச் சாவை ஏற்பது. கடைசியது ஏழு வயதுக்குக் கனமான சொல்தான். பன்னிரண்டு வயதில் தூரின் நகரில் தொன் போஸ்கோ நடத்திய விடுதியில் சேர்ந்தார்.

அங்கே 1855 தவக்காலத்தில், புனிதராவது எல்லாருக்கும் கடவுளின் விருப்பம் என்று தொன் போஸ்கோ பேசிய பிரசங்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. சில நாள் விளையாட்டை விட்டு ஒதுங்கி இறுக்கமாகத் திரிந்தார். தவம் செய்ய வேண்டும் என்ற வேகம் வந்தது. சனிக்கிழமை ரொட்டியும் தண்ணீரும் மட்டும் என்று தொடங்கினார், தடுக்கப்பட்டது. படுக்கையில் விரிப்புக்கு அடியில் கற்களையும் மரத்துண்டுகளையும் போட்டுக்கொண்டார், அதற்கும் தடை. உடல் நலமில்லாமல் கிடந்த ஒரு ஜனவரிக் காலையில் தொன் போஸ்கோ அறைக்குள் வந்தார். வட இத்தாலியின் அந்தக் குளிரில் பையன் மெல்லிய போர்வை ஒன்றோடு சுருண்டு கிடந்தான். பெத்லகேம் தொழுவத்தில் இயேசுவுக்கு இதைவிடக் குறைவாகத்தானே இருந்தது என்பது அவன் தந்த விளக்கம். தொன் போஸ்கோ அனுமதி இல்லாமல் எந்தத் தவமும் கூடாது என்றார். மகிழ்ச்சியாக இருப்பது, தன் கடமைகளைச் சரியாகச் செய்வது, தோழர்களுக்கு உதவுவது ஆகியவற்றையே வழியாகக் காட்டினார். பதின்பருவ வேகத்துக்குப் பாடப்புத்தகத்தையும் விளையாட்டு மைதானத்தையும் தவமாகக் கொடுத்தது கல்வியாளராக அவர் செய்த பெரிய காரியம். சாவியோ 1857 மார்ச்சில், 15 வயது நிரம்புமுன் இறந்தார். 1954இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். 

இலக்கை எப்படி அளப்பது என்பது அடுத்த கேள்வி. இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் ஆன்மப் பயிற்சிகள் நூல் துல்லியமான முறை ஒன்றைத் தருகிறது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு குறையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். காலையில் எழுந்ததும் அதைத் தவிர்க்கத் தீர்மானம். பகலுணவுக்குப் பின் ஒரு கணக்கு. இரவுணவுக்குப் பின் இன்னொன்று. தாளில் நாளுக்கு இரண்டு கோடுகள் வீதம் ஏழு நாளுக்கும் வரைந்து, விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி வைக்க வேண்டும். இடையில் தவறினால் உடனே நெஞ்சில் கை வைத்து வருந்தலாம். சுற்றியிருப்பவர்கள் கவனிக்க மாட்டார்கள். எழுபது தீர்மானங்களை ஒரே நேரத்தில் சுமப்பதைவிட இது பள்ளி மாணவருக்குத் தோதானது.

வாசிப்புத் திட்டங்களில் புகழ்பெற்றது ஸ்காட்லாந்தின் டண்டியில் போதகராயிருந்த ராபர்ட் மர்ரே மக்செய்ன் 1842இல் தன் சபைக்காக வகுத்தது. நாளுக்கு ஏறத்தாழ நான்கு அதிகாரங்கள். ஆண்டில் பழைய ஏற்பாடு ஒருமுறை, புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இருமுறை. நன்மைகளைச் சொல்லுமுன் அதன் ஆபத்துகளை அவரே வரிசைப்படுத்தினார்: சடங்காகிவிடுவது, முடித்துவிட்டோம் என்ற சுயநீதி, அவசர வாசிப்பு, சுமக்க மாட்டாத நுகமாகிவிடுவது. இன்றைய வேதாகமச் செயலிகள் தொடர்ச்சியாக வாசித்த நாள்களை எண்ணிக் காட்டுகின்றன. ஒரு நாள் தவறினால் எண்ணிக்கை மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. அந்த எண்ணைக் காப்பாற்றுவதற்காக இரவு 11.55க்கு ஓர் அதிகாரத்தைத் தள்ளிவிட்டுப் படுக்கும் மாணவர் மக்செய்ன் சொன்ன நான்கில் மூன்றிலாவது சிக்கியிருப்பார்.

பரீட்சைக் காலத்தில் இலக்கு பேரமாக உருமாறுவது எளிது. நீட் தேர்வில் இடம் கிடைத்தால் இன்னது செய்கிறேன் என்று நேர்ந்துகொள்வது புரட்டஸ்தாந்தர் வீட்டிலும் உண்டு, வேளாங்கண்ணிக்கு நேர்த்திக்கடன் வைக்கும் வீட்டிலும் உண்டு. வேதாகமத்தில் சாமுவேலின் தாய் அன்னாளும் நிபந்தனையோடுதான் பிள்ளை கேட்டாள் என்பதால் இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. சிக்கல் தேர்வு முடிவு வந்த பிறகு தொடங்குகிறது. மதிப்பெண்ணையே கடவுளின் பதிலாக எடுத்துக்கொண்ட பிள்ளைக்கு, மதிப்பெண் குறைந்தால் கல்லூரி இடத்தோடு கடவுளும் கைநழுவிப்போகிறார். படிப்பில் நேர்மையாக உழைப்பதை இலக்காக வைத்தவருக்கு இந்த இரட்டை இழப்பு நேர்வதில்லை. காப்பி அடிக்காமல் எழுதிய தாள் எத்தனை மதிப்பெண் பெற்றாலும் அந்த இலக்கு நிறைவேறியதாகவே இருக்கும்.

கடைசியாக, பிறர் வைத்த இலக்கு. பிரசவத்தில் ஆபத்து வந்தபோதோ குழந்தைக்குக் கடும் காய்ச்சல் கண்டபோதோ பிள்ளையை ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்த பெற்றோர் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் உண்டு. பதினாறு வயதில் அந்தப் பிள்ளை பொறியியல் படிக்க விரும்பும்போது, கடவுளுக்குக் கொடுத்த வாக்கு என்ற பாரம் வீட்டுக்குள் இறங்குகிறது. சாமுவேலின் கதை இங்கே தவறாமல் நினைவுபடுத்தப்படும். ஆனால் அன்னாள் கொண்டுபோய் விட்ட அந்தச் சிறுவனைக் கடவுள் பின்னர் பெயர் சொல்லித் தனியே அழைத்தார், அவனே பதில் சொன்னான் என்பதும் அதே கதைதான். கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு இதில் தெளிவாக இருக்கிறது: நேர்ச்சை என்பது ஆய்ந்து, சுதந்திரமாகக் கடவுளுக்குத் தரும் வாக்கு, கடும் அநீதியான அச்சத்தால் தரப்பட்டது செல்லாது, அது இயல்பிலேயே தந்தவரை மட்டுமே கட்டுப்படுத்தும். ஆங்கிலிக்கன் வழிவந்த சபைகளின் குருப்பட்ட ஆராதனையிலும், நீ மெய்யாகவே அழைக்கப்பட்டிருப்பதாக நம்புகிறாயா என்ற பொருளில் பேராயர் கேட்கும் கேள்வி பெற்றோரை நோக்கியது அல்ல. பலிபீடத்துக்கு முன் நிற்பவர்தான் அதற்குப் பதில் சொல்கிறார்.