கள்ளுண்ணாமையும் கள்ளாமையும்

தமிழில் 'கள்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. பெயராக நின்றால் அது மயக்கும் பானம். வினையடியாக நின்றால் திருடுதல். திருக்குறளில் முன்னதை விலக்குவது 93ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமை. பின்னதை விலக்குவது 29ஆம் அதிகாரமாகிய கள்ளாமை. இவ்விரண்டையும் வெவ்வேறு நாள்களில், ஒன்றோடொன்று தொடர்பற்ற பாடங்களாகவே நான் பல்லாண்டுகள் நடத்தி வந்தேன். என்னிடம் படித்த மாணவர் ஒருவரின் மடல் இரண்டையும் ஒரே நாளில் என் முன் கொண்டுவந்து நிறுத்திற்று.

அவர் இங்கிலாந்தில் பயின்று அங்கேயே பணியாற்றுபவர். உடன் பயின்ற நண்பர் இருவர், சிறு முதலீட்டில் 'ஜின்' என்னும் மதுவை வடித்து விற்க முனைந்துள்ளனர். மூன்றாவது பங்காளியாகச் சேருமாறு இவரை அழைக்கின்றனர். இத்தகைய முயற்சி அந்நாட்டில் புதிதன்று. 2009இல் இலண்டனில் இளமைக்கால நண்பர் இருவர் தொடங்கிய சிப்ஸ்மித் வடிசாலைக்குப் பின் சிறு வடிசாலைகள் பல தோன்றின. ஜின் என்பது தூய சாராயத்தை ஜூனிப்பர் காயோடும் பிற மூலிகைகளோடும் வாலையிலிட்டு வடிப்பது. அம்மூலிகைகளைத் தம் ஊர்ப்புறத்திலேயே தேடிப் பறிப்போர் உளர். ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் வடிக்கப்படும் 'தி பொட்டனிஸ்ட்' என்னும் ஜின்னில் அத்தீவிலேயே பறிக்கப்பட்ட 22 வகைத் தாவரங்கள் சேர்கின்றன. நம் மாணவரின் நண்பர்களும் வேலிப்புதர்களில் பூக்கும் எல்டர் மலரையும், ஸ்லோ என்னும் கருநீலக் காட்டுப் பழத்தையும் நாடுகின்றனர்.

"ஐயா, மது விற்பதைப் பற்றி உங்கள் கருத்தை நான் அறிவேன். நான் கேட்பது வேறு. எவரும் நடாத செடியிலிருந்து பறித்து விற்பது களவாகுமா?" இதுவே அவர் வினா.

சட்டம் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் உரிய 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தின்படி, பிறர் நிலத்தில் தானே வளர்ந்த செடியின் பூவையோ கனியையோ இலையையோ ஒருவர் பறித்தால் அது திருட்டாகாது. ஆனால் விற்பனைக்காகப் பறித்தால் திருட்டாகும். 1981ஆம் ஆண்டின் மற்றொரு சட்டம், நிலத்துக்கு உரியவரின் இசைவின்றிக் காட்டுச் செடியை வேரோடு பிடுங்குவதைக் குற்றமாக்கிற்று.

செடி ஒன்றே, பறிக்கும் கை ஒன்றே. அடுப்புக்குச் சென்றால் குற்றமில்லை. அங்காடிக்குச் சென்றால் குற்றம். இவ்வேறுபாடு ஏன்? இதற்கு விடை தேடியபோது என் தாயார் நினைவுக்கு வந்தார்.

நான் பிறந்தது ஒரு பால்மரத் தோட்டத்தில். மாலையில் என் தாயார் மரங்களுக்கிடையே சென்று கீரை பறித்து வருவார். அந்நிலம் எங்களுடையதன்று. ஆயினும் அதை எவரும் திருட்டு என்று சொன்னதில்லை. அவர் கொழுந்தை மட்டும் கிள்ளுவார், வேரை அசைக்கமாட்டார். மடி நிறையுமுன் திரும்பிவிடுவார். "மிச்சம் ஏன் விட்டாய்?" என்று கேட்டேன். "நாளைக்கு நாமும் வரணும், அடுத்த லயத்துக்காரியும் வரணும்" என்றார்.

வயிற்றுக்கு ஓர் எல்லை உண்டு. நிறைந்தால் போதும் என்னும். விற்பனைக்கு அவ்வெல்லை இல்லை. நூறு குப்பி விற்றவனை ஆயிரம் குப்பி அழைக்கும். நண்பர் மூவர் பறிப்பதால் காடு அழிந்துவிடாது என்பது உண்மை. ஆனால் மூவருக்குத் தகும் எனக் கொள்ளும் நெறி, அவர்களைப் பின்பற்றி வரும் முந்நூறு பேருக்கும் தகவேண்டும். எல்டர் மலரை முற்றும் கொய்துவிட்டால் அம்மரத்தில் கனி இராது. கனியை நம்பும் பறவைக்கு இரை இராது. ஜூனிப்பர் காய் முற்ற ஈராண்டோ அதற்கு மேலோ ஆகும். பிரிட்டனில் அச்செடியே அருகி வருகிறது. நட்டவர் இல்லை என்பதால் உரியவர் இல்லை என்றாகிவிடாது. நிலத்துக்குரியவரும், பறவையும், நாளை வருபவரும் அங்கே உரிமையுடையோரே. அவர்கள் பங்கையும் சேர்த்து எடுப்பதே களவு.

ஆகவே நான் இவ்வாறு எழுதினேன்: "இசைவு பெற்றுப் பறிப்பது களவன்று. எனினும் இசைவு மட்டும் போதாது. எவ்வளவு விடுவது என்பதைப் பறிக்கச் செல்லுமுன்னரே முடிவு செய்யுங்கள். எடுத்ததற்கு ஈடாக நடுங்கள். விலை ஏறும் நாளில் 'இன்று போதும்' என்று சொல்லும் துணிவு மூவருள் ஒருவருக்கேனும் உண்டா என்று பாருங்கள். அத்துணிவு இல்லாவிடில் சேராதீர்கள்."

மடலை அத்துடன் முடிக்க மனம் ஒப்பவில்லை. அவர் கேளாத வினா என்னை விடவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. கூலி உயர்வு கேட்டவர்கள் இதையும் ஏன் கேட்டார்கள் என்பதைச் சம்பள நாளின் இரவுகளில் லயத்தில் படுத்திருந்த சிறுவனாகிய நான் அறிவேன். முதற் குவளையில் எவரும் கெட்டதில்லை. போதும் என்னும் சொல் நாவில் எழாத குவளையிலேதான் கெட்டார்கள். இலண்டன் மாநகரமும் 18ஆம் நூற்றாண்டில் இதே ஜின்னால் சீரழிந்து, 1751இல் சட்டமியற்றி அதைக் கட்டுப்படுத்த நேர்ந்தது.

ஆதலால் மேலும் ஒரு பத்தி எழுதினேன்: "செடியிடம் காட்டும் அளவை, குடிப்பவனிடம் உங்களால் காட்ட இயலுமா? மலரைப் பறிக்கும் கை உங்களுடையது, அதை நிறுத்தலாம். குவளையைப் பிடிக்கும் கை பிறனுடையது. அதை நிறுத்த இயலாத வாணிகத்தில் நான் பங்காளியாகமாட்டேன். முடிவு உங்களுடையது."

அவருடைய மறுமொழி இன்னும் வரவில்லை. ஆனால் என் பாடமுறை மாறிவிட்டது. இப்போது அவ்விரு அதிகாரங்களையும் அடுத்தடுத்து நடத்துகிறேன். பிறர் பங்கை மறந்து எடுப்பதும் தன்னை மறந்து குடிப்பதும் அளவு இழந்த மனத்திலிருந்தே பிறக்கின்றன என்று மாணவர்க்குக் கூறுகிறேன். பின்னர், மடி நிறையுமுன் திரும்பிய என் தாயாரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் குறள் படித்தவரல்லர். ஆயினும் போதும் என்று சொல்லத் தெரிந்தவர்.