மயிலுக்குப் போர்வை

கொல்லிமலையில் பூனை என்பது மடியில் வைத்துக் கொஞ்சுவதற்காக வந்த உயிர் அன்று. சாமையும் தினையும் மூட்டையில் இருக்கும் வீட்டிற்கு எலி வரும். எலி வரும் வீட்டிற்குப் பூனை வேண்டும். ஆசிரியப் பணியினின்று ஓய்வு பெற்றுச் செம்மேட்டிற்கு அருகே ஒரு சிறு வீட்டில் குடியேறிய நாம் இருவரும் இந்த ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டோம். சாம்பல் நிறக் கடுவன் ஒன்று வந்து சேர்ந்தது. ஆனால் சென்னையிலிருந்து வந்த மகன் பூனைக்கென்றே கடையில் விற்கும் உலர்தீனிப் பை ஒன்றைக் கொண்டுவந்து வைத்ததோடு நிலைமை மாறிற்று. கடுவன் வேட்டையை மறந்தது, கொழுத்தது, நம் மடிக்கும் வந்தது.

தவக்காலத்தின் மூன்றாம் வாரத்தில் அது மணல் தட்டில் போய்ப் போய் அமர்ந்தது. முதுகை வளைத்து முக்கிற்று. எழுந்து வேறிடத்தில் அமர்ந்தது. அடிவயிற்றுக்குக் கீழே நக்கிக்கொண்டே இருந்தது. மலச்சிக்கல் என்று நாமே தீர்மானித்தோம். விளக்கெண்ணெய் ஒரு கரண்டி புகட்டினோம். அவ்விதம் ஒரு பகலும் ஓர் இரவும் வீணாயின. மறுநாள் காலையில் வீட்டு வேலைக்கு உதவியாக வரும் பெண், தட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டீச்சரம்மா, இது வெளிக்குப் போகாம கஷ்டப்படலீங்க. ஒண்ணுக்குத்தான் போகலை. மணலு காஞ்சு கிடக்குது பாருங்க."

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்கு அறிவியல் கற்பித்த நமக்கு அது தோன்றவில்லை.

வாடகைக் கார் ஒன்றைப் பிடித்தோம். காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவுகள்; அதன்பின் சேந்தமங்கலம் வழியாக நாமக்கல். கோழிக்கும் முட்டைக்கும் பெயர்பெற்ற அவ்வூரில் 1985இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதனால் மாட்டுக்கும் கோழிக்கும் மட்டுமன்றிப் பூனைக்கும் அங்கே மருத்துவர் கிடைக்கிறார். வழி நெடுகப் பூனையைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தவர் அந்தப் பெண்தாம். நமக்கு வளைவுகளில் தலை சுற்றல் உண்டு.

மருத்துவர் வயிற்றைத் தொட்டார். சிறுநீர்ப்பை எலுமிச்சம்பழம்போல் இறுகியிருந்தது. மயக்க மருந்து தந்து, மெல்லிய வடிகுழாயைச் செலுத்தி, அடைப்பை நீர் பாய்ச்சி அகற்றினார். இரத்தம் கலந்த சிறுநீர் வெளிவந்தது. நரம்பின் வழியே மருந்துநீர் ஏற்றி மூன்று நாள் வைத்துக்கொண்டார். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் கொண்டுவந்தும் பயனில்லை என்றார்.

அவர் விளக்கியதையும் பின்னர் நாம் படித்து அறிந்ததையும் இங்கே சற்று விரிவாகவே எழுதுவது நம் கடமை. விளக்கெண்ணெய்ப் புட்டியை எடுக்கப்போகும் கை வேறொரு வீட்டிலும் இருக்கலாம். கடுவனுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் மிகக் குறுகலானது. பெட்டைக்கு அது அகலம். ஆகவே சளிபோன்ற கசிவும் நுண்மணலும் சேர்ந்து ஒரு சிறு அடைப்பானால் கடுவனுக்கே பெரும்பாலும் ஆபத்து. வெளியேற வழியில்லாத கழிவு இரத்தத்தில் தங்கும், சிறுநீரகம் செயலிழக்கும், பொட்டாசியம் மிகுந்து இதயம் நின்றுவிடும். இவையெல்லாம் இரண்டு மூன்று நாளுக்குள் முடிந்துவிடும். மணல் தட்டில் முக்கியும் ஈரம் இல்லை என்றால் அது அந்த மணி நேரத்திலேயே மருத்துவரிடம் போக வேண்டிய நிலை. வலிக்கிறதே என்று நாம் விழுங்கும் பாரசிட்டமால் மாத்திரையை அதற்குக் கொடுப்பது கொலைக்கு ஒப்பு; ஒரே மாத்திரை பூனையைக் கொல்லவல்லது.

இளம் பூனைகளில் இத்தொல்லைக்குக் கிருமி காரணமாவது அரிது. முதிய பூனைகளிலேதான் கிருமித்தொற்று மிகுதி. கல் உண்டானால் அது எவ்வகை என்று அறிய வேண்டும்: ஸ்ட்ரூவைட் என்னும் கல் தக்க உணவால் கரையும், கால்சியம் ஆக்சலேட் கல் கரையாது, எடுத்துவிடவே வேண்டும். இரண்டும் இல்லாமல் சிறுநீர்ப்பை காரணமின்றி அழன்று புண்படுவதே இளம் பூனைகளில் மிகுதி. காரணமின்றி என்பது மருத்துவ நூல் வழக்கு. அமெரிக்காவின் ஒகையோ அரசுப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் என்னும் கால்நடை அறிஞர் பல்லாண்டு ஆராய்ந்து, அச்சமும் மன அழுத்தமும் இந்நோயோடு பின்னிக் கிடப்பதை எடுத்துக்காட்டினார். வீட்டில் புது நாய், தட்டின் துர்நாற்றம், ஒளிந்துகொள்ள இடமில்லாமை ஆகியவை பூனையின் சிறுநீர்ப்பையைத் தாக்குகின்றன. நம் பக்கத்து வீட்டில் அந்த மாதந்தான் ஒரு நாய்க்குட்டி வந்திருந்தது.

பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. இரையின் ஈரத்தையே குடிநீராகக் கொண்ட இனம். தாகம் அதற்கு எளிதில் தோன்றாது. எலியைத் தின்றவரையில் நம் கடுவனுக்கு நீர் கிடைத்தது. உலர்தீனிக்கு மாறியபின் அது குறைந்தது. அன்பு மிகுதியால் அதன் ஈரத்தைப் பறித்தவர்கள் நாமே. இப்போது வேகவைத்த மீனைச் சாற்றோடு தருகிறோம்; வீட்டில் மூன்று இடங்களில் கிண்ணத்தில் நீர்; மணல் தட்டு ஒன்றுக்கு இரண்டாக, நாள்தோறும் சுத்தம்; பரணில் ஒரு பழைய சாக்கு. எடையும் குறைந்திருக்கிறது. இந்நோய் திரும்பி வரும் இயல்புடையது. நாள்தோறும் பேணுவதே வழி.

இதுவரை சொன்னது எளிய பகுதி. கடினமான பகுதி கணக்கில் இருக்கிறது.

பிப்ரவரியில், மிளகு பறிப்புக் காலத்தில், அந்தப் பெண்ணின் கணவர் சவுக்குபோல் நெடிதுயர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாத்திய ஏணியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். இம்மலையில் மிளகுக்கொடி அம்மரங்களில்தான் ஏறிப் படர்கிறது. ஒவ்வோர் ஆண்டும் யாரோ ஒருவர் விழுகிறார். அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குப் பணமில்லை. ஆனால் போக்குவரத்துக்கும், உடன் இருப்பவர் சாப்பாட்டுக்கும், கூலி இல்லாத வாரங்களுக்கும் யார் தருவார்? அவர் நம்மிடம் 5,000 ரூபாய் முன்பணமாகக் கேட்டார். நாம் யோசித்து, 2,000 தந்தோம். முழுவதும் தந்தால் பழகிவிடும் என்று நம்முள் பேசிக்கொண்டது உண்மை. பூனைக்குக் காரும் மருந்துமாக ஆனது 8,000 ரூபாய்க்கு மேல். அதை எடுத்து வைக்க நாம் யோசிக்கவில்லை.

திரும்பும் வழியில் அவர் கேட்டார்: "எவ்வளவுங்க ஆச்சு?" நாம் பாதித் தொகையைச் சொன்னோம்.

அந்தப் பொய்தான் இக்கட்டுரையை எழுத வைத்தது. நாம் செய்தது சரியென்றால் ஏன் மறைக்க வேண்டும்? தவறென்றால் எது தவறு? பூனையைக் காப்பாற்றியதா?

1992இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், விலங்குகளைப் பற்றி 2415 முதல் 2418 வரையுள்ள எண்களில் பேசுகிறது. விலங்குகள் இறைவனின் படைப்புகள், அவற்றுக்கு நாம் இரக்கம் காட்டக் கடன்பட்டவர்கள், அவற்றைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கு முரண் என்று சொல்லும் அந்நூல், அதே இடத்தில், மனிதத் துயர் நீக்க முதலில் செல்ல வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும் மாண்புக்கு ஒவ்வாது என்கிறது. இப்பகுதியின் முதற்பாதியை அசிசியாரின் திருநாளன்று கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இரண்டாம் பாதியைப் படித்தபோது நமக்கு நாக்கு உலர்ந்தது.

விலங்கின் வலி வலியன்று என்று சொல்லித் தப்பிக்க முடியுமா? பதினேழாம் நூற்றாண்டில் டெகார்ட் என்னும் மெய்யியலார் விலங்குகளைத் தாமே இயங்கும் பொறிகளாகக் கருதினார். அடிவயிறு இறுகிய பூனையை மடியில் வைத்துக்கொண்டு 70 வளைவுகள் இறங்கியவர் எவரும் அவரோடு உடன்படமாட்டார். புனித அக்குவினா தோமா வேறு வழியில் வந்தார்: விலங்கிடம் கொடுமை பழகியவர் மனிதரிடமும் அதையே செய்வார் என்பது அவர் கவலை. நல்ல கவலைதான்; ஆனால் அதன் மறுதலை நிச்சயமில்லை என்பதை நம் வீட்டுக் கணக்கேடு காட்டுகிறது. விலங்கிடம் இரக்கம் பழகியவர் மனிதரிடம் கைமுடங்குவதும் உண்டு. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' என்னும் திருமடலில், அருகிவரும் விலங்குகளின் கடத்தலை எதிர்த்துக்கொண்டு, மனிதக் கடத்தலைப் பற்றிக் கவலைப்படாமல் இருப்பதன் முரணைச் சுட்டினார்.

நம் மரபு இதை அதற்கும் வெகு முன்பே அறிந்திருந்தது. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி கடையெழு வள்ளல்களுள் ஒருவன். அவனோடு எண்ணப்படும் பேகன், மயிலுக்குக் குளிருமே என்று போர்வை ஈந்தவன். பள்ளிப் பாடத்தில் கதை அங்கே முடிந்துவிடும். நாமும் அப்படித்தான் கற்பித்தோம். ஆனால் புறநானூற்றில் கதை முடியவில்லை. அந்தப் பேகன் தன் மனைவி கண்ணகியைத் துறந்திருந்தான். கபிலரும் பரணரும் பிற புலவரும் அவனிடம் சென்று, பரிசில் வேண்டாம், அழுதுகொண்டிருக்கும் அவளிடம் திரும்பிச் செல் என்று வேண்டினர். மயிலுக்கு இரங்கியவனே என்று விளித்துவிட்டுப் பரணர் அதைக் கேட்கிறார். போர்வையைத் திரும்ப வாங்கு என்று எவரும் சொல்லவில்லை. மயிலுக்குத் தந்தது பிழையென்று ஒரு புலவரும் கருதவில்லை. இதுதான் நமக்குப் பிடிபட நெடுநாளாயிற்று.

இம்மலையில் பூனையைப் பற்றிப் பேசும்போது மற்றொரு குடும்பத்தையும் நினைக்காமல் இருக்க முடியாது. ஜெஸ்ஸி பிராண்ட், அவர் துணைவியார் எவலின் ஆகிய இருவரும் நம் திருச்சபையைச் சேராத பாப்டிஸ்டு மறைப்பணியாளர்கள். இங்கே பள்ளியும் மருத்துவமும் கொண்டுவந்தவர்கள். 1929இல் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலால் இங்கேயே இறந்தார். மலேரியாவின் கொடிய விளைவு அது. இரத்த அணுக்கள் சிதைந்து சிறுநீர் கருக்கும், சிறுநீரகம் நின்றுவிடும். 1914இல் இம்மலையில் பிறந்த அவர்கள் மகன் பால் பிராண்ட், 1946 முதல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் கைகளைச் சீர்ப்படுத்தும் அறுவை மருத்துவரானார். விரல் அழுகி விழுவதற்கு நோய் நேரடிக் காரணமன்று, வலியுணர்வு இல்லாமல் போவதே காரணம் என்று காட்டியவர் அவர். சில நோயாளருக்கு இரவோடு இரவாக விரல் நுனி காணாமற் போயிற்று. ஒருவரை விழித்திருந்து பார்க்கச் சொன்னார்கள். எலி வந்து கடித்தது, உறங்கியவருக்குத் தெரியவேயில்லை. அதன்பின் குணமாகி ஊர் திரும்பும் ஒவ்வொருவரும் ஒரு பூனையையும் உடன் கொண்டுபோக வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்.

வலியை உணராத கை எலிக்கு இரையாகிறது. நாம் அந்த 2,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தபோது எந்த வலியையும் உணரவில்லை. பூனை கத்தியபோது உணர்ந்தோம். அது நம் மடியில் இருந்தது. ஏணியிலிருந்து விழுந்தவர் இரண்டு மேடு தாண்டி ஓட்டு வீட்டில் படுத்திருந்தார். அவர் முனகல் நமக்குக் கேட்கவில்லை. முதலில் எவருக்குச் செல்ல வேண்டும் என்ற வரிசை மறைக்கல்வி நூலில் தெளிவாக இருக்கிறது. அவ்வரிசையை மாற்றியது நம் கோட்பாடன்று, நம் காது. பூனைக்குச் செலவிட்டதற்காக இன்றும் நாம் வருந்தவில்லை. நாமே நோய்க்குக் காரணமான ஓர் உயிரை அடைப்போடு சாகவிட்டிருந்தால் அதுவும் பாவமே. மற்ற 3,000 ரூபாய் நம்மிடம் அப்போது இருந்தது என்பதுதான் செய்தி.

(விவிலியத்தில் பூனை எங்கேனும் வருகிறதா என்று தேடினோம். பாரூக்கு நூலின் 6ஆம் அதிகாரமாகிய எரேமியாவின் மடலில் மட்டும், பொய்த்தெய்வச் சிலைகளின்மேல் உட்காரும் பிராணிகளுள் ஒன்றாக வருகிறது. நம் விவிலியத்தில் இணைத்திருமுறை இருப்பதால் அந்த ஒரு பூனையாவது கிடைத்தது.)

குருத்து ஞாயிறு கழிந்த திங்களன்று அவர் வீட்டிற்குச் சென்றோம். கணவர் திண்ணையில் காலை நீட்டி அமர்ந்து, சாமை காய்வதைக் கோழிகளிடமிருந்து காத்துக்கொண்டிருந்தார். உண்மையான தொகையைச் சொன்னோம். பணத்தையும் நீட்டினோம். அவர் கணவரைப் பார்த்தார். கணவர் கோழியை விரட்டினார்.

"காருக்கே அவ்வளவு ஆகியிருக்கும்னு எனக்குத் தெரியுங்க" என்றார் அவர். "இதை முன்பணமாவே எழுதிக்கிடுங்க. சும்மா வாங்கினா அப்புறம் ஒரு பேச்சு வரும்." பின்பு சற்று நேரம் கழித்து, நாய்க்குட்டி பக்கத்து வீட்டில் இருக்கும்வரை கடுவனைப் பின்புற அறையில் வைக்கலாமே என்றார். அதையும் கேட்டுக்கொண்டோம்.

கணக்கேட்டில் 3,000 என்று எழுதியிருக்கிறோம். மாதந்தோறும் அவர் கூலியில் கழிக்கச் சொல்லி நினைவூட்டுகிறார். நாம் ஒத்திப்போட்டுக்கொண்டே வருகிறோம். இருவரில் யார் செய்வது சரியென்று இன்னும் முடிவாகவில்லை. காலையில் வந்ததும் அவர் முதலில் பார்ப்பது மணல் தட்டைத்தான்.