தண்டனை முடிந்தவன் களத்தில் இறங்கலாமா?

மாசி, பங்குனியில் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் வழியில் டீக்கடைச் சுவர்களில் 'மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி' என்றொரு நோட்டீஸ் கண்ணில் படாமல் போகாது. மல்லியும் மிளகாயும் எடுத்தபின் சும்மா கிடக்கும் காட்டில் ஓரிடத்தைச் செதுக்கி, தண்ணீர் தெளித்து மண்ணை இறுக்கி, சுண்ணாம்புக் கோடு போட்டு, நாலு மூலையிலும் ஃபோகஸ் லைட் கட்டினால் களம் தயார். முதல் ஆட்டம் தொடங்கவே இரவு பத்தாகிவிடும். இறுதி ஆட்டம் முடியும்போது பால்காரர் வந்துவிடுவார். நுழைவுக் கட்டணம் கட்டிய செட்டுகளின் பெயர்களை மைக்கில் வாசிக்கும்போதுதான் சில ஊர்களில் கமிட்டிக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கும். ஒரு செட்டில் பாடிப் போகிற பையன் வெட்டு வழக்கில் உள்ளே இருந்துவிட்டு வந்தவனாக இருப்பான். வெட்டுப்பட்டவரின் ஊரும் அதே போட்டிக்குப் பேர் கொடுத்திருக்கும்.

"அவன்தான் அனுபவிச்சுட்டு வந்துட்டானேப்பா, இன்னும் என்ன?" என்பார் ஒருவர். "அவனை எறக்குனா எங்க பயலுக வரமாட்டாங்கண்ணே" என்பார் இன்னொருவர். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. கோடிகள் புரளும் ஐரோப்பியக் கால்பந்துக் கிளப்புகளும் இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவேதான் தடுமாறிக்கொண்டிருக்கின்றன.

இங்கிலாந்தில் ஓல்டம் என்று ஓர் ஊர். அருப்புக்கோட்டையைப் போலவே பஞ்சையும் நூலையும் நம்பி வளர்ந்தது. அந்த ஊர் அணி 2007இல் லீ ஹியூஸ் என்ற ஆட்டக்காரரைச் சேர்த்துக்கொண்டது. தாறுமாறாகக் கார் ஓட்டி ஒருவர் சாகக் காரணமாகி, அங்கே நிற்காமல் ஓடி, ஆறாண்டுத் தண்டனையில் மூன்றாண்டு கழித்து வெளியே வந்தவர் அவர். முணுமுணுப்பு எழுந்தது, அடங்கியது. கோல் அடித்தார், கைதட்டினார்கள். 2015 ஜனவரியில் அதே அணி செட் எவான்ஸைச் சேர்க்கப் பார்த்தது. அவர் பாலியல் வன்கொடுமை வழக்கில் 2012இல் தண்டனை பெற்று, பாதிக் காலத்தைச் சிறையில் கழித்து வந்தவர். இம்முறை விளம்பரதாரர்கள் விலகப்போவதாகச் சொன்னார்கள். அணி பின்வாங்கியது. அதற்கு முன்பே அவருடைய பழைய அணியான ஷெஃபீல்டு யுனைடெட் அவரைத் திரும்பச் சேர்த்தால், மைதானத்து அரங்கிலிருந்து தன் பெயரை எடுத்துவிடுங்கள் என்று ஒலிம்பிக் வீராங்கனை ஜெசிக்கா என்னிஸ் ஹில் சொல்லியிருந்தார். பிறகு 2016இல் எவான்ஸின் தண்டனை ரத்தாகி, மறு விசாரணையில் அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பும் வந்தது.

ஒரே கிளப், எட்டு ஆண்டு இடைவெளி, இரண்டு முடிவுகள். சாலையில் ஓர் உயிர் போனதைவிட மற்றது பெரிய குற்றம் என்று யாரோ நிறுத்துப் பார்த்து எடுத்த முடிவா இது? விளம்பரப் பணம் எந்தப் பக்கம் சாய்ந்ததோ அந்தப் பக்கம் அறமும் சாய்ந்தது, அவ்வளவுதான். இன்னொரு சிக்கலும் உண்டு. வருந்தினால் சேர்த்துக்கொள்ளலாம் என்பார்கள். தான் குற்றமே செய்யவில்லை என்று மேல்முறையீட்டில் நிற்பவன் எதற்காக வருந்துவான்? வருத்தத்தை நுழைவுச்சீட்டாக்கினால், நன்றாக நடிப்பவன் உள்ளே போவான், நிஜமாகவே செய்யாதவன் வெளியே நிற்பான்.

நம் நாட்டில் இந்தக் கேள்வி எழுவதே அபூர்வம், ஏனென்றால் தீர்ப்பு வருவதற்குள் ஆட்டக்காரருக்கு நரை விழுந்துவிடுகிறது. 1988 டிசம்பரில் பட்டியாலாவில் நடுத்தெருத் தகராறு ஒன்றில் 65 வயது முதியவர் ஒருவர் இறந்தார். வழக்கில் சிக்கிய கிரிக்கெட் ஆட்டக்காரர் நவ்ஜோத் சிங் சித்து அதன்பின் பத்தாண்டு இந்தியாவுக்காக ஆடி, ஓய்வு பெற்று, வர்ணனையாளராகி, நாடாளுமன்ற உறுப்பினராகி, அமைச்சருமாகி முடித்தபிறகு 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஓராண்டுச் சிறை விதித்தது. திரும்பி வரலாமா என்று கேட்க அங்கே ஆட்டமே மிச்சமில்லை. ஸ்ரீசாந்த் கதை தலைகீழ். 2013 ஐ.பி.எல். சூதாட்ட வழக்கில் 2015இலேயே நீதிமன்றம் அவரை விடுவித்துவிட்டது. கிரிக்கெட் வாரியம் விடவில்லை. வாழ்நாள் தடையை 2019இல் உச்ச நீதிமன்றம் நீக்கி, அது ஏழாண்டாகக் குறைந்து, 37 வயதில் கேரளத்துக்காகப் பந்து வீச வந்தார். அதே சூதாட்ட விவகாரத்தில் 2016, 2017 இரண்டு ஆண்டும் ஒதுக்கிவைக்கப்பட்ட சென்னை அணி 2018இல் திரும்பி வந்து கோப்பையையும் தூக்கியபோது தமிழ்நாடே விசில் அடித்தது. அணிக்கு ஓர் அளவுகோல், ஆளுக்கு ஓர் அளவுகோல்.

விளையாட்டை விட்டுச் சினிமாவைப் பார்த்தால் தமிழர்களுக்கு இதில் பழைய அனுபவமே இருக்கிறது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் 1947இல் மேல்முறையீட்டில் ஒன்றாகவே விடுதலையானார்கள். கலைவாணரை ஜனங்கள் விட்ட இடத்திலிருந்து வாரி எடுத்துக்கொண்டார்கள். பாகவதரின் படங்கள் ஓடவில்லை. வழக்கும் ஒன்று, தீர்ப்பும் ஒன்று. 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆரைச் சுட்ட எம்.ஆர். ராதாவோ அப்படி மேல்முறையீட்டில் விடுதலை ஆனவர் அல்ல, தண்டனையை அனுபவித்தவர். நாலாண்டுக்கு மேல் சிறையில் இருந்துவிட்டு 1971இல் வெளியே வந்து மறுபடி மேடை ஏறினார். கொட்டகையில் கைதட்டலும் கிடைத்தது. அந்தக் குண்டால் குரல் சிதைந்த எம்.ஜி.ஆர். 1977இல் இதே அருப்புக்கோட்டைத் தொகுதியில் நின்று ஜெயித்துத்தான் முதன்முதலாக முதலமைச்சர் ஆனார். அவருக்கு ஓட்டுப் போட்டவர்களில் ராதாவின் வசனத்துக்குக் கைதட்டியவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அதில் முரண்பாடு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. ரசிகனின் கைதட்டல் குற்றத்தை எடை போடுவதில்லை. அதை நம்பி முடிவெடுக்கவும் கூடாது, அதைக் கண்டு பயப்படவும் தேவையில்லை.

வானம் பார்த்த இந்தப் பூமியில் பிரச்சினையின் முகமே வேறு. உள்ளே போய்வந்தவனை ஒதுக்கிவிடுவார்களோ என்பதல்ல இங்கே கவலை. அளவுக்கு மீறி வரவேற்கிறார்கள் என்பதுதான். செப்டம்பர் 11 பரமக்குடிக்கும் அக்டோபர் 30 பசும்பொன்னுக்கும் தலைவர்களின் நினைவு நாளுக்காக வண்டிகள் போகும்போது சாலை நெடுக போலீஸ் நிற்கும் வட்டாரம் இது. பக்கத்து ஊர்க்காரனை வெட்டிவிட்டுச் சிறைக்குப் போனவன் தன் தெருவில் பல நேரம் குற்றவாளி அல்ல, ஆண்பிள்ளைச் சிங்கம். ஜாமீனில் வந்த அன்றே ஃபிளெக்ஸ் ஏறிவிடும். அவன் கபடியும் ஆடத் தெரிந்தவனாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு ரெய்டுக்கும் வர்ணனையாளர் அவன் பெயரை நீட்டி முழக்குவார். வேப்பமரத்தில் கட்டிய குழாய் அந்தப் பெயரைக் கண்மாய்க் கரையைத் தாண்டி, வெட்டுப்பட்டவர் திண்ணை வரைக்கும் கொண்டுபோகும். ஷெஃபீல்டில் பிடிக்காதவர் டிவியை அணைத்துவிடலாம். இங்கே அந்தக் குழாயை எப்படி அணைப்பது? கை முடமாகிப்போன மனிதர் விடிய விடிய அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்க வேண்டும். மறுநாள் காலையில் அதே டவுன் பஸ்ஸில் அவனோடு ஏற வேண்டும்.

குற்றவியல் வழக்கில் ஒரு பக்கம் அரசு, மறு பக்கம் குற்றவாளி. பாதிக்கப்பட்டவர் வெறும் சாட்சி. தண்டனை முடிந்தது என்றால் அரசுக்குப் பட்ட கடன் தீர்ந்தது என்று பொருள். திண்ணையில் படுத்திருப்பவருக்குப் பட்டது அப்படியே நிற்கிறது. அதைத் தீர்க்க ஆட்டத் தடையால் முடியாதுதான். ஆனால் பெருக்காமல் இருக்க முடியும்.

எந்த வேலை என்பதையும் பார்க்க வேண்டும். அருப்புக்கோட்டைக் கல்லூரி ஒன்றின் உதவிப் பேராசிரியர் ஒருவர், மாணவிகளைத் தவறான வழிக்கு இழுக்கப் பார்த்ததாக 2018இல் கைதானார். 2024 ஏப்ரலில் ஸ்ரீவில்லிபுத்தூர் மகளிர் நீதிமன்றம் 10 ஆண்டுச் சிறை விதித்தது. மேல்முறையீடு என்ன ஆனாலும், அந்த வழக்கு சொல்லும் ஒன்று மாறாது: அங்கே வேலைதான் ஆயுதம். மதிப்பெண் போடும் கை இல்லாவிட்டால் அந்தக் குற்றச்சாட்டுக்கே இடமில்லை. பயிற்சியாளர் வேலையும் அந்த வகைதான். பதினான்கு வயதுப் பிள்ளையை வெளியூர்ப் போட்டிக்குக் கூட்டிப்போய் லாட்ஜில் தங்கவைக்கும் அதிகாரம் அவர் கையில் இருக்கிறது. பிள்ளைகளிடமோ பெண்களிடமோ அத்துமீறித் தண்டனை பெற்றவருக்கு அந்த அதிகாரம் மறுபடி போகவே கூடாது. இதில் இரக்கத்துக்கு இடமில்லை. ஆனால் கபடிக் களத்தில் மூச்சுப் பிடித்துப் பாடிப் போகிறவனுக்கு எதிரணி ஏழு பேர்மேல் என்ன அதிகாரம் இருக்கிறது? பிடித்தால் அவுட், அவ்வளவுதான்.

திரும்பி வரும் வாசலை அடைத்தே வைத்தால் யாருக்கு அடிபடும் என்பது இந்த மண்ணுக்கு நன்றாகத் தெரியும். கைரேகைச் சட்டம் என்று கிழவர்கள் சொல்லும் குற்றப் பரம்பரைச் சட்டம், மதுரை ராமநாதபுரச் சீமையில் பிறப்பையே குற்றமாக்கி, ராத்திரியில் ஆண்களைப் போலீஸ் கச்சேரியில் வந்து படுக்கவைத்தது. சென்னை மாகாணத்தில் 1947இல்தான் அது ஒழிந்தது. ஒருவனை என்றென்றைக்கும் குற்றவாளி என்று எழுதிவைப்பதன் விலையை அந்தத் தலைமுறை கொடுத்து முடித்துவிட்டது.

இன்றைக்கு அது வேறு உருவில் இருக்கிறது. இந்த ஊர்களில் கபடியோ வாலிபாலோ ஆடும் பையன்களுக்குக் கோப்பையைவிடப் பெரிய கனவு போலீஸ் வேலை. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் விளையாட்டு வீரர்களுக்கு 10 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. கோயில் கொடைத் தகராறில் எஃப்.ஐ.ஆரில் பெயர் சேர்ந்து, வாய்தா வாய்தாவாக அலைந்து, சந்தேகத்தின் பலனைக் கொடுத்து நீதிமன்றம் விடுவித்தாலும், காவல் சார்நிலைப் பணி விதிகள் அவனைக் குற்ற வழக்கில் தொடர்புடையவனாகவே கொள்கின்றன. எழுத்துத் தேர்விலும் ஓட்டத்திலும் கயிறு ஏறுவதிலும் தேறியவன் பின்புல விசாரணையில் விழுகிறான். அதே நேரம் இரண்டாண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்ற அரசியல்வாதி, சிறையை விட்டு வந்து ஆறாண்டு காத்திருந்தால் மறுபடி சட்டமன்றத்துக்கே நிற்கலாம் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். சட்டம் இயற்றுகிறவருக்கு ஆறாண்டு, லத்தி பிடிக்க வருகிற பையனுக்கு ஆயுசுக்கும் என்றால் எங்கோ தராசு கோணிக்கொண்டிருக்கிறது. நட்சத்திர ஆட்டக்காரர் திரும்பலாமா என்று பட்டிமன்றம் நடத்துகிறவர்கள் இந்தப் பையனைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

ஆகவே தண்டனை முடித்தவன் ஆடட்டும். குற்றம் ஆட்டத்தையே விற்றதாக இருந்தாலோ, ஆட்டத்தால் கிடைத்த அதிகாரத்தைக் கொண்டு செய்ததாக இருந்தாலோ மட்டும் வேண்டாம். கோல் அடிப்பான், ரெய்டு எடுப்பான் என்பதற்காகத் தண்டனைக் காலத்தைச் சுருக்கவும் கூடாது. பிரேசிலில் தன் குழந்தையின் தாயைக் கொன்ற வழக்கில் 22 ஆண்டுத் தண்டனை பெற்ற கோல்கீப்பர் புரூனோ, மேல்முறையீடு நடக்கும்போதே 2017இல் வெளியே வந்தவுடன் கையுறை மாட்டிவிட்ட கிளப் செய்தது அந்தத் தவறுதான். சில வாரங்களில் நீதிமன்றம் அவரைத் திரும்பச் சிறைக்கு அனுப்பியது.

கமிட்டிக்காரர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நோட்டீஸ் அடிக்கக் கொடுக்கும் முன் ஊர்ப் பெரியவர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, பாதிக்கப்பட்ட வீட்டுக்கு ஒருமுறை போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் அந்த வருஷம் உங்கள் களத்தில் மட்டும் அவன் இறங்க வேண்டாம், அடுத்த ஊரில் ஆடிக்கொள்ளட்டும். சரி என்றால் ஆடவிடுங்கள். ஃபிளெக்ஸில் அவன் படத்தைப் போடாதீர்கள்.