இடர்மிகு விளையாட்டுகள்: தடையா, தன்விருப்பமா?

சென்ற திங்களில் ஒருநாள் மாலை, முப்பது ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற மாணவி ஒருவர் கையில் ஒரு படிவத்துடன் என் இல்லம் வந்தார். உடன் அவருடைய மகளும் வந்திருந்தாள். வயது பத்தொன்பது, கல்லூரியில் பயில்பவள். இமயமலைச் சாரலில் உள்ள ஒரு நிலையத்தில் மலையேற்றப் பயிற்சி பெற அவள் விரும்புகின்றாள். பயிற்சியின்போது காயமோ உயிரிழப்போ நேரிடின் நிலையம் பொறுப்பேற்காது என்று அப்படிவத்தில் அச்சிடப்பட்டிருந்தது. அதன் கீழே பெற்றோர் கையொப்பமிட வேண்டும்.

"டீச்சர், இந்த வரியைப் படித்த பிறகு எந்தத் தாய்க்குக் கை வரும்? இத்தகைய விளையாட்டுகளை அரசாங்கமே தடை செய்துவிடக் கூடாதா?" என்று அவர் கேட்டார்.

அவருடைய அச்சம் காரணமற்றதன்று. 2022ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள், உத்தரகண்ட் மாநிலத்தில் 'திரௌபதி கா டண்டா' என்னும் சிகரத்தின் அருகே பனிச்சரிவில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் மலையேற்றம் பயிலச் சென்ற இளைஞர்கள். அச்செய்தியை அவர் மறக்கவில்லை.

மகளோ அமைதியாக, "என் உயிர், என் விருப்பம். இதில் அரசாங்கத்திற்கு என்ன வேலை, பாட்டி?" என்றாள்.

இருவர் கூற்றிலும் உண்மை இருப்பதாகவே எனக்குத் தோன்றியது. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லித்தந்த ஒரு நெறி உண்டு. ஒரு வினாவுக்கு விடை கிட்டவில்லையெனில் அவ்வினாவைச் சிறு வினாக்களாகப் பகுத்துக்கொள்ள வேண்டும் என்பதே அது. அந்நெறிப்படி இதனையும் பகுத்துப் பார்ப்போம்.

அரசியார் கேட்ட வினா

அத்தாய் கேட்ட வினாவை நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு பேரரசியார் கேட்டிருக்கின்றார். 1865ஆம் ஆண்டு சூலை 14ஆம் நாள், ஆல்ப்ஸ் மலைத்தொடரில் உள்ள மாட்டர்ஹார்ன் சிகரத்தை எட்வர்டு விம்பர் என்பவரும் அவருடன் அறுவரும் முதன்முதலாக எட்டினர். இறங்கும்போது, மலையேற்றத்தில் போதிய பழக்கமில்லாத பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் கால் இடறி வீழ்ந்தார். ஒரே கயிற்றில் பிணைக்கப்பட்டிருந்தமையால் அவரோடு மூவர் இழுபட்டுச் சென்றனர். கயிறு இடையில் அறுந்தது. நால்வர் மாண்டனர், எஞ்சிய மூவர் பிழைத்தனர்.

அதன் பின்னரும் ஆல்ப்ஸ் மலையில் உயிரிழப்புகள் தொடர்ந்தன. 1882இல் விக்டோரியா அரசியார், மலையேற்றத்திற்கு எதிராக ஏதேனும் செய்ய இயலுமா எனத் தம் செயலாளர் வாயிலாகப் பிரதமர் கிளாட்ஸ்டனிடம் வினவினார். இதில் தலையிட வழியில்லை என்பதே பிரதமரின் கருத்தாக இருந்தது.

கிளாட்ஸ்டன் கருத்துக்குத் துணையாக ஒரு மெய்யியல் கொள்கை அந்நாட்டில் முன்பே வேரூன்றியிருந்தது. 1859இல் ஜான் ஸ்டூவர்ட் மில் தாம் எழுதிய சுதந்திரம் பற்றிய நூலில், பிறருக்குத் தீங்கு நேராமல் தடுப்பதற்காக மட்டுமே ஒருவருடைய செயலில் சமுதாயம் குறுக்கிடலாம் என்று வாதிட்டார். அதில் ஒரு பாலத்தை எடுத்துக்காட்டாகக் கூறுகின்றார். இடியும் நிலையிலுள்ள பாலத்தில் ஒருவன் அறியாமல் கால் வைக்கப் போகின்றான், எச்சரிக்க நேரமில்லை. அப்போது அவனைப் பிடித்து இழுத்து நிறுத்துவது அவனுடைய உரிமையைப் பறித்ததாகாது. ஏனெனில் ஆற்றில் வீழ்வது அவன் விருப்பமன்று. ஆனால் கேடு நேருவது உறுதியன்று, நேரக்கூடும் என்ற அளவில் மட்டுமே இருந்தால், அவனுக்கு அறிவுறுத்தலாம். அறிந்த பின்னும் செல்ல விரும்பினால் வலிந்து தடுத்தலாகாது என்பது மில்லின் முடிவு.

இக்கொள்கை சீரியது. ஒருவர் அறிந்து ஏற்கும் இடரை அவரிடமே விட்டுவிடுதல் அவருடைய அறிவுக்கு நாம் தரும் மதிப்பாகும். ஆயினும் 'என் உயிர்' என்னும் சொல்லுக்குள் உண்மையில் எத்தனை உயிர்கள் அடங்கியிருக்கின்றன என்பதையும் காண வேண்டும். மாட்டர்ஹார்னில் மாண்ட நால்வருள் மிஷேல் குரோ என்பவர் விளையாட்டுக்காக வந்தவரல்லர். கூலி பெற்று வழிகாட்ட வந்தவர்.

சுமை தூக்கியோர்

இமயமலைக்கு வந்தால் இவ்வுண்மை இன்னும் தெளிவாகின்றது. 1922ஆம் ஆண்டு பிரிட்டிஷார் எவரெஸ்ட் சிகரத்தை எட்ட முயன்றனர். இருமுறை தோற்ற பின், புதிய பனி மிகுதியாகப் பெய்திருந்த நிலையிலும் மூன்றாம் முறை புறப்பட்டனர். சூன் 7ஆம் நாள் பனிச்சரிவு ஏற்பட்டது. அதில் மாண்ட எழுவரும் சுமை தூக்கிச் சென்றோர். பிரிட்டிஷார் ஒருவரும் இறக்கவில்லை.

அக்குழுவில் இருந்தவர் ஹோவர்டு சாமர்வெல் என்னும் அறுவை மருத்துவர். மாண்டோருள் தம்மவர் ஒருவரேனும் இல்லாமற் போனதே என்று தம் உள்ளம் வருந்தியதைப் பின்னாளில் அவர் மறைக்காமல் எழுதினார். இம்மனிதர் நம் தமிழகத்திற்கு அந்நியரல்லர். அப்பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றி வருகையில், அக்காலத் திருவிதாங்கூரிலும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலும் உள்ள நெய்யூர் மருத்துவமனைக்கு வந்தார். ஒரே ஓர் அறுவை மருத்துவர் பெருந்திரளான நோயாளருடன் போராடுவதைக் கண்டார். இலண்டனில் காத்திருந்த உயர்வாழ்வைத் துறந்து நெய்யூரில் பல்லாண்டுகள் பணியாற்றினார். பின்னர் வேலூரிலும் பணிபுரிந்தார்.

மலையில் நேர்ந்த இறப்புகளுக்குக் கழுவாயாகவே அவர் நெய்யூருக்கு வந்தார் என்று நான் கூறவில்லை. அவர் மலையேற்றத்தையும் விட்டுவிடவில்லை. 1924இல் மீண்டும் எவரெஸ்ட் சென்று ஏறத்தாழ 28,000 அடி உயரம் வரை ஏறினார். ஆனால் தம் விருப்பத்தின் விலையைப் பிறர் செலுத்தியதை அவர் உணர்ந்தார். அதைச் சொல்லவும் செய்தார். விளையாட்டை விரும்புவோர் எல்லாரிடமும் இவ்வுணர்வு இருந்துவிட்டால் நாம் விவாதிக்க வேண்டியது பாதியாகக் குறைந்துவிடும்.

தொண்ணூற்றிரண்டு ஆண்டுகளுக்குப் பின்பும் நிலை பெரிதும் மாறவில்லை. 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் எவரெஸ்ட்டின் கும்பு பனியருவியில் நேர்ந்த சரிவில் பதினாறு நேபாளத் தொழிலாளர்கள் மாண்டனர். அவர்கள் பிறர் ஏறுவதற்காகப் பாதை அமைக்கவும் சுமை கொண்டு செல்லவும் சென்றவர்கள். அரசு உடனடி உதவியாக அறிவித்த தொகை குடும்பம் ஒன்றுக்கு 40,000 நேபாள ரூபாய். மனம் கொதித்த ஷெர்பாக்கள் அப்பருவத்தில் மலையேற மறுத்துவிட்டனர்.

அத்தொழிலாளரும் விரும்பித்தானே சென்றனர் என்று சிலர் கேட்கலாம். வேறு தொழிலில் அத்தகைய ஊதியம் கிடைக்காத ஊரில், பிள்ளைகளின் படிப்புக்காக ஒருவர் பனியருவியில் கால் வைப்பதும், விடுமுறைக்காக வந்த செல்வர் கால் வைப்பதும் ஒரே வகையான விருப்பம் ஆகா. எனினும் மலையேற்றத்தை அடியோடு தடை செய்தால் அக்குடும்பங்களின் அடுப்பும் அணைந்துவிடும். ஆகவே இங்கு வேண்டுவது நல்ல ஊதியமும், போதிய காப்பீடும், 'இன்று ஏற இயலாது' என்று சொல்லும் உரிமையும் ஆகும். இவற்றைச் சட்டத்தால் உறுதி செய்தல் அரசின் கடமை.

குத்துச்சண்டை மேடை

மலை எவர்மீதும் பகை கொள்வதில்லை. மலையேறுபவரும் பிறரைத் துன்புறுத்தும் எண்ணத்துடன் ஏறுவதில்லை. குத்துச்சண்டையோ வேறுவகையானது. எதிரில் நிற்பவரை எழவிடாமல் வீழ்த்துவதே அதில் முழு வெற்றி. தலையில் தொடர்ந்து விழும் குத்துகள் மூளையைச் சிதைக்கின்றன என்பதை 1928இலேயே அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் எடுத்துக்காட்டினார்.

1982ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் ரே மான்சினியும் தென்கொரியாவின் கிம் டுக்-கூவும் மோதினர். கிம் வறுமையில் வளர்ந்தவர். பதினான்காம் சுற்றில் வீழ்ந்த அவர் சில நாட்களில் உயிர் நீத்தார். சில திங்களில் அவருடைய தாயும், அடுத்த ஆண்டில் அப்போட்டியின் நடுவரும் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். வென்ற மான்சினி நெடுங்காலம் மனத்துயரில் உழன்றார். இரண்டு பேர் விரும்பி ஏற்ற ஓர் ஆட்டம் எத்தனை இல்லங்களுக்குள் சென்றது என்று பாருங்கள்! அதன்பின் உலகக் குத்துச்சண்டை மன்றம் பட்டப்போட்டிகளைப் பதினைந்து சுற்றுகளிலிருந்து பன்னிரண்டாகக் குறைத்தது.

சில நாடுகள் தடையையும் செய்து பார்த்தன. சுவீடன் 1970இலும் நார்வே 1981இலும் தொழில்முறைக் குத்துச்சண்டையைத் தடை செய்தன. பின்னாளில் சுவீடன் தடையைத் தளர்த்தியது. நார்வே 2014இல் அதனை நீக்க முடிவு செய்தது. தடை இருந்த காலத்தில் நார்வே வீராங்கனை சிசிலியா பிரேக்ஹஸ் அயல்நாடுகளில் போட்டியிட்டே உலகப் பட்டங்களை வென்றார். தடை, குத்துகளை நிறுத்தவில்லை. அவை விழும் ஊரை மாற்றியது.

ஆனால் தடையில்லை என்பதற்காகப் பொறுப்பும் இல்லை என்றாகிவிடாது. 1991இல் இலண்டனில் நடந்த போட்டியில் மைக்கேல் வாட்சன் என்பவருக்கு மூளையில் பெருங்காயம் ஏற்பட்டது. உயிர்காக்கும் சிகிச்சை மேடையருகே உடனே கிடைக்கவில்லை. அவர் தொடுத்த வழக்கில், போட்டியை நெறிப்படுத்திய பிரிட்டிஷ் குத்துச்சண்டைக் கட்டுப்பாட்டு வாரியமே பொறுப்பு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. அதில் ஒரு நல்ல நீதி இருக்கின்றது. அடிபட இசைந்தவர், அடிபட்ட பின் கவனிப்பாரின்றிக் கிடக்கவும் இசைந்தவர் அல்லர்.

காண்போர் கடமை

நம் அறநூல்கள் இன்னா செய்தலை மூவகையாகப் பகுத்துரைக்கின்றன: தானே செய்தல், பிறரைக்கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல். குத்துச்சண்டை மேடையை இம்மூன்றைக்கொண்டு நோக்கினால் குத்துபவர் ஒருவர். போட்டியை நடத்திப் பொருள் ஈட்டுபவர் மற்றொருவர். சீட்டு வாங்கியும் தொலைக்காட்சி முன் அமர்ந்தும் கைதட்டுபவர் மூன்றாமவர். சட்டம் முதலிருவரைக் கட்டுப்படுத்தலாம். மூன்றாமவரைக் கட்டுப்படுத்தச் சட்டத்தால் இயலாது. அவரே தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும். காண்போர் இல்லையெனில் அந்த மேடைக்குப் பொருள் தருவார் எவர்?

இனி நான் வந்தடைந்த முடிவைக் கூறுகின்றேன். பொதுச்சாலையில் இருசக்கர வண்டிப் பந்தயம் விடுவோரைத் தயக்கமின்றித் தடுக்க வேண்டும். அங்கே வழிப்போக்கரின் இசைவை எவரும் பெறவில்லை. இடரை எடைபோடும் வயது வராத சிறுவரைத் தலையில் குத்து வாங்கும் போட்டிகளில் இறக்குதல் கூடாது. இடரின் அளவை மறைத்தலும், மருத்துவ ஏற்பாடின்றிப் போட்டி நடத்தலும், காப்பீடின்றிக் கூலியாட்களை ஏவுதலும் குற்றமாகக் கருதப்பெற வேண்டும். இவை அனைத்திற்கும் பிறகு, வயது வந்தவர் அறிந்து ஏற்கும் இடரை அவரிடமே விட்டுவிடலாம்.

குத்துச்சண்டையைப் பொறுத்தமட்டில் என் உள்ளம் இன்னும் இருபக்கமும் இழுபடுகின்றது என்பதை ஒளிக்க விரும்பவில்லை. பிறரைப் புண்படுத்துதலையே நோக்கமாகக் கொண்ட ஒன்றை எப்படி விளையாட்டு என்பது? ஆயினும் தடையால் அது நாடு கடந்து செல்வதையும் வரலாறு காட்டுகின்றது. ஆகவே தடை கேட்டுக் குரல் எழுப்புவதினும், அதனைக் காண்பதில்லை என்று நானே உறுதி கொள்வது முதற்படி என எண்ணுகின்றேன்.

அன்று மாலை அப்பெண்ணிடம் மூன்று வினாக்கள் கேட்டேன். நேரக்கூடிய கேடு இன்னதென்று முழுவதும் படித்தறிந்தாயா? உன் சுமையைத் தூக்குபவர் எவர், அவருக்குக் காப்பீடு உண்டா? சிகரம் கண்ணுக்குத் தெரிந்தாலும், திரும்பு என்று ஆசிரியர் சொன்னால் திரும்புவாயா?

முதல் வினாவுக்கு, 2022ஆம் ஆண்டுப் பனிச்சரிவைப் பற்றித் தாயைவிட மிகுதியாகவே கூறினாள். இரண்டாம் வினாவுக்கு அவளிடம் விடை இல்லை. நிலையத்திற்கு எழுதிக் கேட்பதாகச் சொன்னாள், கேட்டும் எழுதினாள். மூன்றாவதற்கு, "திரும்பி இறங்குவதும் பயிற்சியில் ஒரு பாடம்தான், பாட்டி" என்றாள்.

பதில் கடிதம் வந்த மறுநாள் தாய் கையொப்பமிட்டார். இதை நான் எழுதும் இந்நாளில் அப்பெண் மலையில் இருக்கின்றாள். அவள் தாய் நாள்தோறும் விளக்கு வைக்கும் நேரத்தில் வந்து, சிறிது நேரம் என் அருகில் அமர்ந்துவிட்டுச் செல்கின்றார். 'என் உயிர்' என்று சொல்லும் இளைஞர் அனைவரும் இவ்வாறு ஒரு வீட்டில் ஒருவர் காத்து அமர்ந்திருப்பதையும் நினைவிற் கொள்வாராக. அவர்களைத் தடுக்க விரும்பும் நாமும், அஞ்சுவதற்கு மட்டுமன்றி நம்புவதற்கும் பழகுவோமாக.