யாருக்காக இந்த ஒழுங்கு?

வீட்டை விட்டு வெளியே செல்ல இயலாத நிலையில் இருக்கும் ஒருவர் அதிகாலையில் எழுகிறார். நீராடுகிறார். துவைத்து மடித்த ஆடை உடுத்தித் தலைவாரிக் கொள்கிறார். குறித்த நேரத்தில் உணவருந்தி, தமக்கு விருப்பமான நாற்காலியில் வசதியாக அமர்ந்து நூலொன்றைப் படிக்கிறார். அவரைக் காண எவரும் வரப்போவதில்லை. இதனை நாம் என்னவென்று சொல்வது? வீண் பகட்டு என்பதா? தன்னலம் என்பதா? அல்லது இதுவும் ஓர் அறச்செயலே என்று துணிந்து கூறலாமா?

நான்கு சுவர்களுக்குள் முடங்க நேர்ந்த மனிதன் வசதியையும் நேர்த்தியையும் நாள் ஒழுங்கையும் தேடிக்கொள்வது தகுமா என்னும் இவ்வினா குருமடத்து அறநெறி வகுப்பில் நம்மிடம் ஒருபோதும் கேட்கப்பட்டதில்லை. அதனை நம்மிடம் கேட்டது 2020ஆம் ஆண்டு.

அவ்வாண்டு மார்ச் 24 மாலை தமிழகத்தில் 144 தடையுத்தரவு நடைமுறைக்கு வந்தது. மறுநாள் முதல் நாடெங்கும் 21 நாள் ஊரடங்கு தொடங்கியது. பின்னர் அது மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. ஆலயக் கதவுகள் பூட்டப்பட்டன. ஏப்ரல் 5இல் குருத்து ஞாயிறு, ஏப்ரல் 12இல் உயிர்ப்புப் பெருவிழா. இரண்டையும் மக்களற்ற ஆலயத்தில், பங்கு இல்லத்துச் சமையற்காரப் பெரியவர் ஒருவரை மட்டும் முன்னே வைத்துக்கொண்டு நாம் கொண்டாடினோம்.

முதல் வாரம் இந்தத் தனிமை ஒரு கொடையாகவே தோன்றியது. பல ஆண்டுகளாகப் பிரிக்கப்படாத இறையியல் நூல்கள் மேசைக்கு வந்தன. இரண்டாம் வாரத்தில் முகச்சவரம் நின்றது. லுங்கியும் பனியனுமே நாள் முழுவதற்குமான உடையாயின. காலை உணவு பத்து மணிக்கு நகர்ந்தது. திருப்புகழ்மாலையின் காலைச் செபத்தை நண்பகலில் சொல்லத் தொடங்கினோம்; சில நாள்களில் அதுவும் இல்லை. மூன்றாம் வாரத்தில் குழம்பில் உப்பு கூடியதற்காக அந்தப் பெரியவரைக் கடிந்துகொண்டோம். அவர் பதில் பேசாமல் தட்டை எடுத்துச் சென்றார். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைநிலத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியுஸ் இந்த நோயை நன்கு அறிந்திருந்தார். நண்பகலில் துறவியைத் தாக்கும் ஒரு தீய ஆவியைப் பற்றி அவர் எழுதியுள்ளார். அது வந்ததும் கதிரவன் நகராமல் நின்றுவிட்டதுபோல் தோன்றுமாம். துறவி சாளரத்தை எட்டி எட்டிப் பார்ப்பாராம். தம் குடிலையும் தம் வாழ்வையும் உடனிருப்போரையும் வெறுக்கத் தொடங்குவாராம். இது துறவியருக்கு மட்டுமே உரிய சோதனை என்று மாணவப் பருவத்தில் நாம் எண்ணியிருந்தோம். நான்கு சுவர்களும் ஒழுங்கற்ற நாளும் ஒன்றுசேர்ந்தால் அது எவரையும் தேடி வரும் என்பதை ஐம்பது வயதைக் கடந்த பின்னரே அறிந்தோம்.

அந்த நாள்களில் ஒரு காலை, காய்கறி வாங்கச் செல்லும் வழியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டைக் கடந்தோம். அவர் திண்ணையில் அமர்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, மழித்த முகம். தாடி மண்டிய நம் முகத்தை முகக்கவசம் மறைத்திருந்தது நமக்கு ஆறுதலாயிற்று.

“எங்கே ஐயா பயணம்?” என்று சற்றே கேலியாகக் கேட்டோம்.

“பயணம் எங்கே சாமி? எல்லாம் வீட்டுக்குள்தான்.”

“பிறகு யாருக்காக இந்தச் சலவைச் சட்டை?”

அவர் சிரித்தார். பிறகு வீட்டின் உட்புறத்தைக் காட்டி, “அவள் பார்க்கிறாளே, சாமி” என்றார்.

அவருடைய துணைவியார் பக்கவாதத்தால் ஒன்பது ஆண்டுகளாகப் படுக்கையில் இருப்பவர். வலப்பக்கம் செயலற்றது, பேச்சும் குழறிவிட்டது. மாதந்தோறும் முதல் வெள்ளியன்று நாம்தாம் அவருக்கு நற்கருணை கொண்டு சென்று வந்தோம். ஐந்து நிமிடம், பிறகு அடுத்த வீடு. அந்த அறையை நாம் ஒருநாளும் பார்த்ததில்லை என்பது, அன்று வாசலில் நின்று அவர் சொல்லக் கேட்டபோதுதான் விளங்கியது.

ஆறு மணிக்குச் சாளரம் திறக்கப்படும். வெந்நீரில் உடல் துடைத்து, வெளுத்த பருத்திப் புடவை உடுத்தித் தலைபின்னி விடுவார். பூக்காரி வராத நாள்களில் கொல்லைப்புறத்துக் கனகாம்பரம் அம்மையாரின் கூந்தலில் ஏறும். காப்பி அவருடைய பழைய பித்தளை டம்ளரில்தான். நோயாளிக்கென்று தனிக் கோப்பை கிடையாது. பத்து மணிக்குச் செய்தித்தாள் வாசிப்பு. பன்னிரண்டு மணிக்கு ஆலய மணியோசை கேட்டதும் மூவேளைச் செபம்.

இதைச் சொன்னவர் சற்றுத் தயங்கினார். “ஒன்று கேட்கலாமா, சாமி? மூன்று வாரமாய் மணி அடிக்கவில்லையே?”

கோயில் பிள்ளை ஊரடங்கு தொடங்குமுன் தம் ஊருக்குச் சென்றவர் திரும்ப முடியாமல் அங்கேயே தங்கிவிட்டார் என்றோம். பூட்டிய ஆலயத்தில் யார் கேட்பதற்காக மணியடிப்பது என்று நாமும் விட்டுவிட்டோம் என்பதைச் சொல்லவில்லை.

“கடிகாரத்தைப் பார்த்து நானே சொல்லிவிடலாம், சாமி. ஆனால் மணி அடித்தால் நான் சொல்லாமலே அவளாக இடக்கையால் சிலுவை போட்டுக்கொள்வாள். அது ஒன்றுதான் அவளாகச் செய்வது” என்றார் அவர்.

இனி, நாம் தொடங்கிய வினாவுக்கு வருவோம்.

துன்ப காலத்தில் உடலுக்கு இதம் தேடுவது பலவீனம் என்றோர் எண்ணம் நம்மில் பலருக்கும் உண்டு. பக்திமான்களிடம் அது சற்று மிகுதி. புனித தாமஸ் அக்குவினாஸ் அவ்வாறு எண்ணவில்லை. தமது இறையியல் தொகுப்பில் துயரத்துக்கான மருந்துகளை அவர் வரிசைப்படுத்துகிறார். அழுகை, நண்பர்களின் பரிவு, உண்மையைத் தியானித்தல் ஆகியவற்றோடு, உறக்கத்தையும் நீராடலையும் அவர் சேர்த்துள்ளார். உடல் தன் இயல்பான நிலைக்குத் திரும்புவதும் மனத்துயரைத் தணிக்கும் என்பது அவர் கருத்து. ஆடையைப் பற்றி எழுதுமிடத்திலோ, பகட்டை மட்டுமன்றி அலட்சியத்தையும் அவர் குறையாகவே காண்கிறார். ஆடம்பரத்தில் பெருமை தேடலாம். அழுக்கிலும் பெருமை தேடலாம். இரண்டுக்கும் நடுவே நிற்பதே அளவுடைமை என்னும் நற்பண்பு.

துறவு வாழ்வின் சட்டங்களும் இதனையே காட்டுகின்றன. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த ஒழுங்குநூலில், துறவியரின் ஆடை அவரவர் அளவுக்குப் பொருந்த வேண்டும், குட்டையாக இருத்தலாகாது, இதனை மடத்தலைவர் கவனிக்க வேண்டும் என்னும் விதி உண்டு. உலகைத் துறந்தவர்க்கு ஆடையின் அளவு ஏன் என்று நாம் கேட்கலாம். உலகைத் துறந்தவர் மனித மாண்பைத் துறக்கவில்லை என்பதே விடை.

திருத்தூதர் பவுலும் வீட்டுக்காவலை அறிந்தவரே. உரோமை நகரில் வாடகை வீடொன்றில், ஒரு படைவீரரின் காவலில், ஈராண்டுக் காலம் அவர் தங்கியிருந்ததாகத் திருத்தூதர் பணிகள் நூலின் இறுதிப் பகுதி கூறுகிறது. திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட இரண்டாம் மடலிலோ, சிறைப்பட்டிருக்கும் அவர் கேட்டனுப்பும் பொருள்கள் நம் கவனத்துக்குரியவை. துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த போர்வை, நூல்கள், குறிப்பாகத் தோற்சுருள்கள். குளிருக்கு ஒரு போர்வையும் படிப்பதற்குச் சில நூல்களும் வேண்டும் என்று கேட்க, சாவை எதிர்நோக்கியிருந்த அம்மனிதர் கூசவில்லை.

ஆகவே, அடைபட்ட நிலையில் வசதியும் நேர்த்தியும் ஒழுங்கும் தேடுவது தவறன்று. ஆனால் இத்துடன் நிறுத்திக்கொண்டால் நாம் நம்மையே ஏமாற்றிக்கொண்டவர்கள் ஆவோம்.

1790இல் தூரின் நகரில் சேவியர் தெ மேஸ்திர் என்னும் இளம் படையதிகாரி, இருவர் சண்டை ஒன்றில் ஈடுபட்டதற்காக 42 நாள் தம் அறையிலேயே அடைபட்டிருக்கும்படி தண்டிக்கப்பட்டார். அவர் சோர்ந்துவிடவில்லை. தம் கட்டிலையும் நாற்காலியையும் சுவரோவியங்களையும் ஒரு பயணியைப்போல் சுற்றிவந்து, ‘என் அறையைச் சுற்றி ஒரு பயணம்’ என்னும் பொருள்படும் நூலை எழுதினார். வீட்டில் அணியும் அங்கியே அவருக்குப் பயண உடை. மனிதன் உடுத்தும் உடை அவன் மனத்தை மாற்றுகிறது என்பதும் அவர் கண்டுகொண்ட உண்மை. இனிய நூல்தான். எனினும் அந்த அறையில் பணிவிடை செய்ய யோவானெத்தி என்றொரு பணியாள் இருந்தார் என்பதையும் நாம் மறக்கலாகாது.

ஒருவருடைய இதம் இன்னொருவருடைய முதுகின்மேல் ஏறி வருவதாயின் அதனை அறம் என்று அழைக்க இயலுமா? 2020இல் எத்தனையோ வீடுகளில் ஆண்கள் ஓய்வை அனுபவித்தார்கள். மாலை நான்கு மணிக்கு வடையும் தேநீரும் கேட்டார்கள். பெண்களுக்கோ அடுப்படி வேலை இருமடங்காயிற்று. நாமும் அந்த ஆண்களுள் ஒருவராகவே இருந்தோம். உப்புக்காகக் கடிந்துகொண்டோம் அன்றோ? இன்னும் ஆறு பேர் ஓர் அறையில் படுத்துறங்கிய குடும்பங்கள் இருந்தன. வேலையும் கூலியும் இழந்து, நெடுஞ்சாலைகளில் சொந்த ஊர் நோக்கி நடந்த தொழிலாளர்கள் இருந்தார்கள். அவர்களிடம் சென்று வீட்டிலிருப்பதன் இனிமையைப் பேசுவது கொடுமை. அவர்களுக்கு முதலில் வேண்டியது நீதி. வீடென்று சொல்லத்தக்க ஒரு வீடு.

எனவே, இவ்வொழுங்கை அளக்க நமக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அதனை நமக்குத் தந்தவர் திண்ணையில் அமர்ந்திருந்த அந்த ஆசிரியரே. அவருடைய வெள்ளைச் சட்டை அவருக்காக மட்டும் அணியப்பட்டதன்று. கண்ணாடி பார்க்க இயலாத ஒருவருக்கு, ‘இன்றும் ஒரு நாள் புலர்ந்தது, நாம் இன்னும் மனிதர்களாகவே இருக்கிறோம்’ என்று அது சொல்லியது. பவுலின் வாடகை வீட்டைப் பற்றியும் அந்நூல் குறிப்பிட மறவாத செய்தி இதுவே: தம்மிடம் வந்த அனைவரையும் அவர் வரவேற்றார். நம் வசதி உடனிருப்பவருக்கு இடம் தருகிறதா, அல்லது அவரை வெளியே தள்ளுகிறதா? இவ்வினாவுக்கு நேர்மையாக விடையளித்தால், நம் நாற்காலி அறமானதா இல்லையா என்பது விளங்கிவிடும்.

தனியாக வாழ்வோர் என்ன செய்வது என்று கேட்கலாம். அவர்களும் ஒருவருக்காக உடுத்துகிறார்கள். கதவைத் தட்டக்கூடிய அண்டை வீட்டாருக்காக. தொலைபேசியில் தம் குரலைக் கேட்கப்போகும் பிள்ளைக்காக. தம்முள் குடியிருக்கும் இறைவனுக்காக. சீரான நாளை வாழ்பவர் குரலில் ஓர் அமைதி இருக்கும். அந்த அமைதி கேட்பவருக்கும் பரவும்.

ஊரடங்கு மெல்லத் தளர்ந்தது. 2020 செப்டம்பர் 1 முதல் தமிழகத்தில் பெரிய வழிபாட்டுத் தலங்களும் மக்களுக்குத் திறக்கப்பட்டன. நாம் அனைவரும் வெளியே வந்தோம். அந்த நாள்களை மறக்கவும் தொடங்கினோம். அந்த அம்மையார் வெளியே வரவில்லை. முதுமையாலும் நோயாலும் அவரைப்போல் வீட்டுக்குள் இருப்போர் ஒவ்வொரு பங்கிலும் உள்ளனர். நமக்குச் சில மாதங்கள் பாரமாக இருந்தது அவர்களுக்கு வாழ்நாள் முழுவதும். அவர்களைக் காணச் செல்லும்போது பழமும் ரொட்டியும் கொண்டு செல்கிறோம், நல்லதுதான். அத்துடன் சாளரத்தைத் திறந்துவிடுவோம். தலைவாரி விடுவோம். அரைமணி நேரம் அமர்ந்து செய்தித்தாளை வாசித்துக் காட்டுவோம். அடுத்து எந்த நாள் வருவோம் என்று சொல்லி, அந்த நாளில் தவறாமல் செல்வோம். அவர்களுடைய நாளுக்கு அது ஓர் ஒழுங்கைத் தரும்.

காய்கறிப் பையுடன் திரும்பிய அன்று நாம் முதலில் செய்தது முகச்சவரம். பிறகு அந்தப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டோம். ஒரு வேளைச் சமையலில் நாமும் பங்கேற்பதாகச் சொன்னோம். அவர் நம்பவில்லை; ஆயினும் வெங்காயத்தை நம்மிடம் தள்ளினார். பன்னிரண்டு அடிக்கச் சில நிமிடம் இருக்கும்போது அங்கியை அணிந்துகொண்டு மணிக்கூண்டுக்குச் சென்று கயிற்றை இழுத்தோம். பூட்டிய தெருக்களின்மேல் மணியோசை பரவியது. இரண்டு தெரு தள்ளி ஓர் இடக்கை நெற்றியை நோக்கி உயர்ந்திருக்கும் என்று நம்பினோம். கோயில் பிள்ளை விடுப்பில் செல்லும் நாள்களில், இன்றும் அந்தக் கயிறு நம் கையில்தான்.