முடியாத கதையும் முடிக்கும் உரிமையும்

கதையொன்றைத் தொடங்குவோன், அதனை முடித்துத் தருவதாகச் சொல்லாமற் சொல்லி ஒரு வாக்குக் கொடுக்கிறான். வாசகனும் அவ்வாக்கை நம்பியே பக்கங்களைப் புரட்டுகிறான். இடையில் எழுத்தாளனைக் காலன் கவர்ந்து சென்றுவிட்டால் மீதிக் கதை யாருக்கு உரியது? எழுதியவனுக்கா? அவன் வழித்தோன்றல்களுக்கா? காத்திருந்து ஏமாந்த வாசகனுக்கா? பதிப்புரிமை யாரிடம் உள்ளதோ அவருக்கே உரியது என்று சட்டம் ஒரே வரியில் விடை கூறிவிடும். அறம் அவ்வளவு விரைவில் விடை கூறுவதில்லை.

இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பிய நூல்வரிசை ஒன்று அமெரிக்க இலக்கியத்தில் உண்டு. ஃபிராங்க் ஹெர்பர்ட் என்பார் 1965-இல் 'டியூன்' என்னும் அறிவியல் புதினத்தை நூலாக வெளியிட்டார். மணற்குன்று என்பது அச்சொல்லின் பொருள். அராக்கிஸ் என்னும் பாலைவனக் கோளில் மட்டுமே கிடைக்கும் ஒரு மணப்பொருள், உண்டாரின் வாழ்நாளை நீட்டிக்கிறது. சிலருக்கு வருங்காலத்தையும் காட்டுகிறது. அதன்பொருட்டுக் குலங்களும் பேரரசும் மோதுகின்றன. இக்கதை மேலும் ஐந்து நூல்களாக வளர்ந்தது. ஆறாவது நூலாகிய 'சாப்டர்ஹவுஸ்: டியூன்' 1985-இல் வெளிவந்தது. 1986 பிப்ரவரி 11-ஆம் நாள் ஹெர்பர்ட் தம் 65-ஆம் வயதில் மறைந்தார்.

ஆறாம் நூல் நின்ற இடமோ வாசகரை உறங்கவிடாத இடம். விண்வெளியின் தொலைவிலிருந்து கொடிய மகளிர் படையொன்று வந்து பழைய உலகங்களை அழிக்கிறது. அப்படையே தன்னினும் வலிய பகைவன் ஒருவனுக்கு அஞ்சி ஓடி வந்தது என்பது பின்னர்ப் புலனாகிறது. அப்பகைவன் யார் என்பது சொல்லப்படவில்லை. எவர் பார்வைக்கும் அகப்படாத கப்பலொன்றில் ஒரு சிலர் தப்பிச் செல்கின்றனர். இறுதி அதிகாரத்தில், அதுவரை கதைமாந்தர் எவரும் நேரிற் சந்தித்திராத முதியவர் ஒருவரும் மூதாட்டி ஒருவரும் தோட்டவேலை செய்துகொண்டே, அக்கப்பல் தங்கள் வலையிலிருந்து நழுவியதைப் பற்றிப் பேசிக்கொள்கின்றனர். டேனியல், மார்ட்டி என்பன அவர்தம் பெயர்கள். நூல் அங்கே முடிகிறது.

அடுத்த இருபது ஆண்டுகள் வாசகர் இவ்விருவரையும் விட்டபாடில்லை. பிறர் உருவத்தை ஏற்கவல்ல 'முகநடனர்' என்னும் செயற்கை மாந்தர் இக்கதையில் உண்டு. படைத்தவர்க்கு அடிமையாய் இருந்த அவ்வினத்தார், கட்டறுத்துக்கொண்டு வளர்ந்ததன் விளைவே இவ்விருவர் என்றனர் பலர். இருவரின் உரையாடலிலேயே அதற்குச் சான்று உண்டு என்று வரி வரியாகக் காட்டினர். பகைவன் இவர்கள்தாம் என்றனர் சிலர். அன்று, பகைவன் வேறு என மறுத்தனர் வேறு சிலர்.

இத்தகைய ஊகங்களை வீண்பொழுதுபோக்கு என்று தள்ளுவது எளிது. ஆயின், ஊகிப்பவன் மூலநூலுக்குத் திரும்பிச் செல்கிறான். விட்ட வரியைத் தேடிப் படிக்கிறான். எதிர்ப்போனுக்குச் சான்று காட்டுகிறான். வகுப்பறையில் எத்தனை முயன்றும் மாணவரிடம் வரவழைக்க இயலாத கவனம் இது! சார்லஸ் டிக்கன்ஸ் 1870-இல் மறைந்தபோது 'எட்வின் துரூட்' மருமக் கதையில் பாதியே எழுதப்பட்டிருந்தது. 1914-இல் இலண்டனில் டிக்கன்ஸ் அன்பர்கள் கூடி, அக்கதையின் மாமன் ஜாஸ்பர்மீது கொலைவழக்கே நடத்தினர். செஸ்டர்ட்டன் நீதிபதி, பெர்னார்ட் ஷா அறங்கூறுவோர் குழுவின் தலைவர். ஷா நகைச்சுவையாய் ஒரு தீர்ப்பைக் கூற, நீதிபதியோ தம்மைத் தவிர மன்றில் இருந்த அனைவரையும் அவமதிப்புக் குற்றவாளிகள் ஆக்கினார். அங்கிருந்த எவரும் அத்தீர்ப்பை டிக்கன்சின் தீர்ப்பு என்று சொல்லவில்லை. அந்த நேர்மை இருக்கும்வரை ஊகத்தில் குற்றமில்லை.

ஊகம் எத்துணை தூரம் செல்லும் என்பதற்கு ஹெர்பர்ட்டின் வாழ்விலேயே ஓர் அளவுகோல் உண்டு. 'டியூன்' கதையைத் தம் இதழில் முதன்முதலாகத் தொடராக வெளியிட்டவர் ஜான் கேம்பெல் என்னும் பெரும் பத்திரிகாசிரியர். நூலாகுமுன்பே அதன் அருமையை உணர்ந்தவர் அவர். எனினும் இரண்டாம் கதை கைக்கு வந்தபோது அவர் அதை ஏற்க மறுத்தார். முதற்கதையில் வெற்றிவீரனாய் உயர்ந்த பால் அட்ரெய்டிஸ், இரண்டாவதில் தன் பெயரால் நடந்த படுகொலைகளைத் தடுக்க இயலாதவனாய்த் தாழ்வதை அவர் விரும்பவில்லை. அது 1969-இல் வேறோர் இதழில் வெளிவந்தது. நுண்ணறிவு மிக்க முதல் வாசகராலேயே அடுத்த நூலின் போக்கை உய்த்துணர இயலவில்லையாயின், ஏழாம் நூலின் போக்கை யார் உறுதியாகச் சொல்லவல்லார்?

சொல்ல முன்வந்தவர் ஹெர்பர்ட்டின் மைந்தர் பிரையன். வங்கிப் பெட்டகத்தில் தந்தையார் வைத்துச் சென்ற ஏழாம் நூலுக்கான குறிப்பு 1997-இல் கிடைத்ததாக அவர் அறிவித்தார். கெவின் ஆண்டர்சன் என்பாருடன் சேர்ந்து 2006-இலும் 2007-இலும் இரு நூல்களாகக் கதையை முடித்தார். அவற்றில் டேனியலும் மார்ட்டியும் முகநடனர் அல்லர்; எந்திர அறிவுகள். அவ்விருவரும் தாம் இணைந்து எழுதிய முன்கதை நூல்களில் படைத்த பாத்திரங்களே அவை. பழைய வாசகர் பலர் கொதித்தெழுந்தனர். தந்தையின் பூட்டுக்கு மைந்தர் தம் சாவியைப் போட்டுத் திறந்தார் என்பது அவர்தம் குறை.

தந்தையின் பணியை மக்கள் தொடர்வது தவறன்று. கல்கி 1954-இல் மறைந்தபோது நின்றுபோன 'அமரதாரா'வை, அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி நிறைவு செய்ததைத் தமிழுலகம் அறியும். ஹெர்பர்ட்டின் கதை எப்படியேனும் முடிந்தால் போதும் என்றிருந்தவரும் ஏராளம். அவர்கள் அந்நூல்களை வாங்கிப் படித்து அமைதி பெற்றனர். அதனைப் பழிப்பதற்கில்லை. குறை வேறிடத்தில் உள்ளது. அக்குறிப்பு அச்சிடப்பெற்று வாசகர் கைக்கு வரவில்லை. எது தந்தையின் எண்ணம், எது மைந்தரின் கற்பனை எனப் பிரித்தறிய வழியில்லை. இறந்தவர் மறுத்துரைக்க இயலாதவர். அவர் பெயரைச் சான்றாகக் காட்டுவோர்க்கு மற்றவரினும் கூடுதலான கடமை உண்டு. முழுக்குறிப்பும் வெளிவந்தாலும்கூட அது நூலாகிவிடாது. திட்டம் தீட்டியபின் எழுதும்போதே மனம் மாறுவது எழுத்தின் இயல்பு. கட்டட வரைபடத்தில் எவரும் குடியிருப்பதில்லை.

இதில் ஒரு முரணும் உண்டு. நான்காம் நூலில் பாலின் மைந்தன் லெட்டோ, மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் கொடுங்கோலனாய் ஆள்கிறான். எதற்காக? வருங்காலம் உணரும் எவன் கண்ணுக்கும் தென்படாத மானிடரை உருவாக்குவதற்காக. ஒருவன் முன்கூட்டிக் கண்டுவிட்ட எதிர்காலம் மற்ற அனைவர்க்கும் சிறை என்பதே அவன் கருத்து. அந்தக் கப்பல் தப்பிச் சென்ற திசை கதைக்குள் இருப்பவர்க்கே தெரியாது. அத்தகைய நூலுக்கு ஐயத்திற்கு இடமில்லாத ஒரு முடிவு வேண்டும் என்று கேட்போர், தாம் விரும்பிப் படித்த நூலோடு தம்மையறியாமலே வழக்காடுகின்றனர்.

ஆறாம் நூலில் கதை முடிந்தபின் இன்னும் சில பக்கங்கள் உள்ளன. 1984-இல் காலமான தம் மனைவி பெவர்லியைப் பற்றி ஹெர்பர்ட் அங்கே எழுதியிருக்கிறார். முதியவரும் மூதாட்டியும் தோட்டத்தில் பேசிக்கொள்ளும் காட்சியைப் படித்துவிட்டுத் தாளைப் புரட்டினால் அந்த அஞ்சலியே வருகிறது. தங்கள் பிடியிலிருந்து நழுவிச் செல்லும் கதைமாந்தரை வழியனுப்பி நிற்கும் அவ்விருவரும் எழுத்தாளரும் அவர் துணைவியாருமே என்று கருதும் வாசகர் உண்டு. அதற்குச் சான்று கேட்டால், அந்த இரு பகுதிகளும் அடுத்தடுத்து நிற்பதைத்தான் அவர்கள் காட்டுகின்றனர்.