யார் கட்டும் சம்பளம்?

எந்தத் தொழிலும் தவறு செய்து செய்துதான் கைவரும். குயவன் கெடுத்த பச்சைப் பானை மறுபடியும் மண்ணாகிவிடும். தையல் பழகுகிறவன் கெடுப்பது ஒரு முழத் துணி. கார் ஓட்டப் பழகுகிறவன் தவறினாலோ, போவது முன்பின் அறியாத ஒரு வழிப்போக்கனின் உயிராக இருக்கலாம். அந்தக் கல்விக்குச் சம்பளம் கட்டுவது யார்?

விந்தை என்னவென்றால், ஆபத்து மிகுவது பழகும் நாட்களில் அல்ல. பக்கத்தில் ஆசான் இருக்கும்வரை விபத்து குறைவு. லைசென்ஸ் பெற்றுத் தனியே புறப்பட்ட முதல் சில மாதங்களில்தான் அது உச்சத்தில் நிற்கிறது. பிறகு வேகமாக இறங்குகிறது. கைக்குப் பழக்கம் சீக்கிரம் வந்துவிடும். கண்ணுக்கு வர நாளாகும். புதியவன் நிற்கிற பஸ்ஸை மட்டும் பார்க்கிறான். பழகியவனோ, அதன் மறைவிலிருந்து ஓடி வரக்கூடிய குழந்தையையும் பார்க்கிறான்.

நியூஸிலாந்து 1987-இல் ஒரு வழி கண்டது. புதியவன், துணைக்கு அனுபவசாலி இல்லாமல் இரவு 10 மணிக்குமேல் ஓட்டக்கூடாது; நண்பர்களை ஏற்றிச் செல்லக்கூடாது. கட்டுப்பாடு படிப்படியாகத்தான் தளரும். இந்தியாவிலோ, 'எல்' பலகையைக் கழற்றிய அன்றே எல்லா இரவும் அவனுடையவை.

அனுபவமின்மை குற்றமல்ல, அதை அறிந்தும் அடங்காதிருப்பதே குற்றம். சட்டம் கேட்காவிட்டாலும், இன்னும் சில காலம் அந்தப் பலகையை நெஞ்சுக்குள் மாட்டிக்கொண்டு ஓட்டுவதுதான் அறம்.